பன்னிரண்டு வயசுப் பையனுக்கு ஏன் மீசை முளைக்க வைத்தீர்கள்?

(தொடக்கம்: கோட்டை வாசல், திருகோணமலை. பின்னால் இரண்டு மான்கள் ஒரு கச்சான் பேப்பருக்குச் சண்டை போடுகின்றன.)

வணக்கம் உறவுகளே. ஒரு இயக்குநர் பதினொரு வயதுப் பையன் ஒருவனை வைத்து மந்திரப் பள்ளிக்கூடக் கதை ஒன்றை எடுத்தார். 2001இல் வந்தது, அப்புறம் எட்டுப் படமாக ஓடியது. அதே ஆள் 2010இல் இன்னொரு பையனின் கதையைக் கையில் எடுத்தார். வாசிக்கிற பிள்ளைகள் விழுந்து விழுந்து வாசித்த கதை, பணத்துக்கும் குறைவில்லை, ஆனால் அந்தத் தொடர் இரண்டாவது படத்தோடு படுத்துவிட்டது. முதலாவது ஹாரி பாட்டர், மற்றது பெர்சி ஜாக்சன், இரண்டையும் தொடக்கி வைத்தவர் கிறிஸ் கொலம்பஸ். பிறகு எங்கே பிசகியது? கிராபிக்ஸ், திரைக்கதை என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் ஒரேயொரு இலக்கத்தைத்தான் சொல்லப்போகிறேன். அதைச் சொல்வதற்கு முன் சப்ஸ்கிரைப் பண்ணிவிடுங்கள், சொன்ன பிறகு நீங்கள் போய்விடுவீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இன்றைக்கு யங் அடல்ட் நாவல்கள் படமாவதைப் பற்றித்தான் பேச்சு. யங் அடல்ட் நாவல் என்றால் பதின்ம வயதுக்காரரைப் பற்றி அவர்களுக்காகவே எழுதுவது, என்னைப்போல நாற்பதை நெருங்கினவர்கள் அட்டையை மறைத்துக்கொண்டு வாசிப்பது. விளக்கம் போதும், விஷயத்துக்கு வருவோம்.

(திரையில் பெரிதாக: 12)

இதுதான் அந்த இலக்கம். ரிக் ரியோர்டன் 2005இல் எழுதிய முதல் நாவலில், கிரேக்கக் கடவுள் ஒருவரின் மகனான பெர்சிக்கு வயது 12. படத்தில் அவன் பள்ளிக்கூடம் முடிக்கப்போகிற பெரிய பையன், நடித்தவருக்குப் படம் வெளிவரும்போது 18. 'நாலைந்து வயது கூடினால் என்ன குடி முழுகிவிடும்?' என்று நீங்கள் கேட்கலாம். முழுகும். அந்தப் பையன் நியூயோர்க்கிலிருந்து லொஸ் ஏஞ்சலிஸ் போகவேண்டும், அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு. நாவலில் பஸ்ஸில் போகிறான், ரயிலில் போகிறான், மிருகங்களை ஏற்றிப்போகிற லொறிக்குள் ஒளிந்து போகிறான். கையில் காசில்லை, எந்தப் பெரியவரும் அவன் சொல்வதை நம்புவதில்லை, பொலிஸும் தேடுகிறது. படத்தில்? காரில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள், போனார்கள்.

இதை நம்மூருக்குக் கொண்டுவந்து பாருங்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் நண்பனின் மோட்டார் சைக்கிளில் கொழும்புக்குப் போனால் அது ஒரு செய்தியே இல்லை, அம்மாவிடம் ஏச்சு வாங்குவான், அவ்வளவுதான். பன்னிரண்டு வயதுப் பையன் திருகோணமலை பஸ் நிலையத்தில் தனியாகக் கொழும்பு பஸ்ஸில் ஏறட்டும். கந்தளாய் வருவதற்குள் கண்டக்டர் "தம்பி, யாரோட வந்தனீ?" என்று கேட்டுவிடுவார். பையன் ஒரு பொய் சொல்லவேண்டும். பக்கத்து சீட்டு அன்ரி வடையை நீட்டியபடியே அப்பா பேர் என்ன, எந்தப் பள்ளிக்கூடம் என்று துருவுவார், அதற்கு இன்னொரு பொய். ஹபரணையில் பஸ் தேத்தண்ணிக்கு நிற்கும்போது அவன் இறங்குவானா மாட்டானா என்று நமக்கு நெஞ்சு அடிக்கும். ஒரு பூதமும் வராமலே அரை மணி நேரப் படம் தயார்! பயணத்தைக் கதையாக்குவது அந்தப் பன்னிரண்டு வயதுதான். அதைத் தூக்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் றோட்டு.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பெர்சி ஜாக்சன் ஐந்து நாவல்கள். ஐந்துக்கும் அடியில் ஒரு தீர்க்கதரிசனம் ஓடுகிறது: மூத்த கடவுளர் ஒருவரின் பிள்ளை பதினாறு வயதை எட்டும்போது எடுக்கிற ஒரு முடிவில் எல்லாமே தங்கியிருக்கிறது. முதல் நாவலில் 12 என்று சொன்னேனா, ஐந்தாவது நாவல் போய் முடிகிற இடம் அவனுடைய பதினாறாவது பிறந்தநாள். ஐந்து புத்தகமும் ஒரு மணிக்கூடு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முள் ஒரு தரம் நகரும். முதல் படத்திலேயே பையனைப் பதினாறுக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்தினால் மணிக்கூடு அப்போதே அடித்துவிட்டதல்லவா? 2013இல் வந்த இரண்டாவது படத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? தீர்க்கதரிசனத்தைத் திருத்தினார்கள். பதினாறு இருபதாகிவிட்டது! பொருத்தம் சரிவரவில்லை என்று சாதகத்தையே மாற்றி எழுதுகிற தரகர்மார் நம்மூரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இதில் பாவம் எழுத்தாளர்தான். பையனின் வயதைக் கூட்டினால் இந்தப் புத்தகத்தை வாசிக்கிற சின்னப் பிள்ளைகளை இழந்துவிடுவீர்கள் என்று 2009இலேயே தயாரிப்புத் தரப்புக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கடிதங்களை 2018இல் அவரே வெளியிட்டார். ஐந்து புத்தகம் எழுதினவர் சொல்லியும் ஆரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

(காட்சி: கடற்கரையில் என் மருமகன், கையில் மைக்.)

தயாரிப்பாளர் பக்க நியாயத்தையும் சொல்லவேண்டும். சிறுவர்களை நடிக்கவைத்தால் ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை வாங்கலாம் என்று சட்டம் இருக்கிறது, நடுவில் படிப்பும் நடக்கவேண்டும். பதினேழு என்றால் கொஞ்சம் காதலைச் செருகலாம், போஸ்டரில் முகம் எடுபடும். எல்லாவற்றுக்கும் மேலே, பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள்! சிரிக்காதீர்கள், எனக்கே நடந்தது. இந்த வீடியோவுக்குப் பெர்சி மாதிரி நான்கு வரி பேசச் சொல்லி அக்காவின் மகனை ஆவணியில் பதிவு செய்தேன். நல்ல கீச்சுக் குரலில் அழகாகச் சொன்னான், சரியாகக் கடைசி வரியில் ஒரு லொறிக்காரர் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார். பிறகு எடுப்போம் என்று விட்டுவிட்டேன், வேலை, மழை, கரண்ட் என்று நாள் இழுபட்டுவிட்டது. கார்த்திகையில் திரும்பவும் கூப்பிட்டால் வாயைத் திறந்ததும் முதல் சொல் தகரத்தில் கல் விழுந்த மாதிரி வருகிறது, அடுத்த சொல் அவன் அப்பாவின் குரல். மூன்றே மாதம். கோடிக்கணக்கில் கொட்டி ஐந்து படம் எடுக்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

ஆனாலும் ஹாரி பாட்டர்காரர்கள் செய்து காட்டினார்களே? முதல் படம் தொடங்கும்போது 11 வயதாக இருந்த பையன் படத்துக்குப் படம் வளர்ந்தான், கதையும் கூடவே வளர்ந்தது, பிள்ளைகள் வளர்வதை அவர்கள் கணக்கிலேயே சேர்த்துவிட்டார்கள். பெர்சி ஜாக்சனும் 2023 டிசம்பரில் தொடராகத் திரும்பி வந்தது. எழுத்தாளரே கூட நின்றார், படப்பிடிப்புத் தொடங்கும்போது பையனுக்கு 13. எனக்கு அந்தத் தொடரில் குறை இருக்கிறது, எல்லாரும் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பையன் பயப்படும்போது நமக்கும் பயம் வருகிறது.

சரி, அடுத்தது நான் வீட்டில் எல்லாரையும் பிடித்துவைத்துச் சொல்கிற கதை. லோயிஸ் லோரி 1993இல் எழுதிய 'தி கிவர்'. அந்த ஊரில் பசி இல்லை, சண்டை இல்லை, பன்னிரண்டு வயதானதும் ஒரு விழா வைத்து நீ இன்ன வேலைதான் செய்யவேண்டும் என்று மூத்தவர்கள் சொல்லிவிடுவார்கள். இதை ஒரு பயங்கரக் கற்பனை என்று வெளிநாட்டில் வாசிப்பார்களாம். நமக்குப் பத்து வயதிலேயே புலமைப்பரிசில் பரீட்சையும் வெட்டுப்புள்ளியும் வந்துவிடும், நான் வாசிக்கும்போது 'பரவாயில்லை, இரண்டு வருஷம் கூடக் கொடுக்கிறார்கள்' என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் அத்தியாயத்தில் ஜோனாஸ் என்ற பையன் நண்பனோடு ஒரு அப்பிளை எறிந்து பிடித்து விளையாடுகிறான். அப்பிள் காற்றில் வரும்போது ஒரு கணம் ஏதோ மாறுகிறது. அளவு மாறவில்லை, வடிவம் மாறவில்லை, கையில் விழுந்ததும் பழையபடி அதே அப்பிள். திரும்ப எறிகிறான், திரும்பவும் மாறுகிறது. வீட்டுக்குக் கொண்டுபோய் உருட்டி உருட்டிப் பார்க்கிறான், ஒன்றும் பிடிபடவில்லை. நமக்கும் பிடிபடாது. அப்புறம் ஒரு சிநேகிதியின் தலைமுடி அப்படி மாறுகிறது, ஒரு கூட்டத்தில் முகங்கள் மாறுகின்றன. பன்னிரண்டாம் அத்தியாயத்தில்தான் ஊரின் பழைய நினைவுகளைச் சுமக்கிற கிழவர் அவனுக்குச் சொல்கிறார்: நீ சிவப்பைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறாய்.

விளங்கியதா? அந்த ஊரில் நிறமே இல்லை! கிட்டத்தட்டப் பாதிப் புத்தகம் முடிந்துவிட்டது, நமக்கு யாரும் சொல்லவில்லை. கண்ணைப் பற்றிச் சொல்லும்போதுகூட எழுத்தாளர் வெளிறிய கண் என்று சொல்லி நைசாக நழுவுகிறார். நாமோ வாசிக்கும்போது நம்பாட்டில் மரத்துக்குப் பச்சையும் வானத்துக்கு நீலமும் பூசிக்கொண்டே வந்திருக்கிறோம். நான் உப்புவெளியில் ஒரு நண்பனின் வீட்டுத் திண்ணையில் இருந்து வாசித்தேன், அந்த இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு எதிரில் கொடியில் காய்ந்த சாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புச் சாரம். உண்மையாகவே சிவப்பாக இருந்தது.

இதைப் படமாக எடுங்கள் பார்ப்போம். முடியாது. கமரா வாயைத் திறந்தாலே நிறத்தைச் சொல்லிவிடும். 2014இல் வந்த படத்தில் வேறு வழியில்லாமல் முதல் காட்சியிலிருந்தே கறுப்பு வெள்ளை. ரகசியம் முதல் நிமிஷத்திலேயே போய்விட்டது. மருமகன் படத்தைத்தான் முதலில் பார்த்தான். இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு "மாமா, இது பழைய படமா? உங்கட டிவி கலர்தானே?" என்று கேட்டான். அவனுக்கு அந்தச் சிவப்பு இனிமேல் கிடைக்காது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இருந்தாலும் அதை நான் மன்னிப்பேன். அது கமராவின் குறை, ஆளின் குறை இல்லை. மன்னிக்கமாட்டாதது என்ன தெரியுமா? இங்கேயும் வயதில் கை வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு வயது ஜோனாஸாக நடித்தவருக்கு அப்போது 24, 25 வயது. தன் ஊரில் உண்மையில் என்ன நடக்கிறது என்று ஒரு குழந்தைக்குத் தெரியவரும் இடத்தில் நாவலில் எனக்கு வயிறு கலங்கியது. படத்தில் அதே இடத்தில் ஒரு இளந்தாரி கோபப்படுகிறார், நல்ல தாடை, கோபமும் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குக் கலங்கவில்லை.

பிள்ளைகளைச் சாகும்வரை மோதவிடுகிற போட்டியின் கதையான 'ஹங்கர் கேம்ஸ்' ஏன் தப்பியது என்று கேட்பீர்கள். கதாநாயகி கட்னிஸுக்கு நாவலிலேயே 16, ஆகவே கூட்டவேண்டிய தேவை வரவில்லை. நாவல் முழுக்க அவள் தன் வாயால் சொல்வது, படத்தில் அந்தக் குரலை எடுத்துவிட்டு போட்டியை நடத்துகிறவர்களின், அவளுக்குத் தெரியாத கட்டுப்பாட்டு அறையைக் காட்டினார்கள், திரைக்கதையில் எழுத்தாளரின் கையும் இருந்தது. 'டைவர்ஜன்ட்' என்ற இன்னொரு தொடரின் கடைசி நாவலை இரண்டாகப் பிளந்து, முதல் பாதியை 2016இல் விட்டு, மறு பாதியை எடுக்காமலே போனார்கள். முடிவைப் பார்க்கவேண்டுமென்றால் வாசியுங்கள்!

நம் பக்கம் வருவோம். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் எழுதிய 'மடொல் தூவ', வீட்டை விட்டு ஓடிப்போய் ஒரு தீவில் தோட்டம் செய்கிற இரண்டு பையன்களின் கதை, 1976இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் படமாக்கினார். தமிழில் 'காக்கா முட்டை' பாருங்கள், அந்தப் பையன்கள் இருவருக்கும் பதினேழு என்றால் பீட்சாவுக்கு ஏங்குவது ஒரு கதையா?

(காட்சி: சுவாமி மலைக்குக் கீழே கடல், மேலிருந்து.)

இந்தத் தண்ணீர் ஏற்கனவே சினிமா பார்த்த தண்ணீர், அது தெரியுமா உங்களுக்கு? அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் 1950களில் இங்கேதான் சுழியோடிக் கோணேசர் கோயிலின் பழைய கற்களைப் பார்த்தார்கள். வில்சன் 1962இல் 'ரன்முத்து தூவ' எடுத்தார். முழுநீளச் சிங்களப் படங்களில் முதலாவது வண்ணப்படம், கடலடிக் காட்சிகள் நம் ஊர்க் கடலில். அதற்கு முந்தின வருஷம் இதே வில்சன் இரண்டு அமெரிக்கப் பையன்களோடு தெற்கே மகா இராவணன் கோட்டைப் பாறைத்திட்டில் படம்பிடிக்கப்போன இடத்தில், பையன்களின் கண்ணில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயக் குவியல் பட்டது! எழுதித் தந்தால் நம்பமாட்டோம். பையன்கள் கதை இப்படிக் காலடியில் கிடக்கும்போது கிளார்க் தன் சிறுவர் நாவலான 'டொல்பின் ஐலண்ட்'டை அவுஸ்திரேலியப் பவளப்பாறையில் கொண்டுபோய் வைத்தார். மனிதர் மேல் எனக்குச் சின்ன மனத்தாங்கல்.

ஆகவே யாராவது எழுதுங்கள். 1942 ஏப்ரல் 9, ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட அந்தக் காலை, சீனன்குடா எண்ணெய்க் குதங்களுக்குப் பக்கத்தில் மாடு தேடிப்போன ஒரு பையன். வயது 12, அதில் மட்டும் கை வைக்காதீர்கள். உங்களிடம் வேறு கதை இருந்தால் கமெண்டில் போடுங்கள், எந்த நாவலைப் படமாக்கிக் கெடுத்தார்கள் என்றும் போடுங்கள், சண்டை பிடிக்க நான் ரெடி.

இப்போது மருமகன் பேசின அந்த நான்கு வரி. ஆவணியில் எடுத்ததையே போடுகிறேன். கடைசியில் லொறி ஹோர்ன் வரும், சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள், அதற்கு அங்கால் ஒரு சொல் இருக்கிறது.

(ஒலி.)