ஏறிய பணத்தில் எவ்வளவு நம்முடையது?

(ஓய்வு பெற்றோர் மாதக் கூட்டமொன்றில் பேசியது, சற்றே திருத்திய வடிவில்)

அவையோருக்கு வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "முதலீடு வளர்ந்தால் ஓய்வு பெற்றவர் செலவைக் கூட்டலாமா?" செயலாளர் போனில் சொன்னபோது, "கூட்டலாம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடட்டுமா சார்?" என்று கேட்டேன். முக்கால் மணி நேரம் பேச வேண்டும் என்றார். ஆகவே விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. இங்கே இரண்டு வகை ஆட்கள் இருக்கிறோம். ஒரு வகை, அகவிலைப்படியோடு பென்ஷன் வாங்குகிறவர்கள். மத்திய அரசு ஜனவரிக்கும் ஜூலைக்கும் கணக்கிட்டு ஏற்றுகிறது, மாநில அரசும் பின்தொடர்கிறது. எங்கள் வங்கிப் பென்ஷனிலும் அகவிலைப்படி உண்டு. அடிப்படைத் தொகை மட்டும் ஓய்வு பெற்ற நாளிலேயே நின்றுவிட்டது. அந்தப் புலம்பலுக்கு இது மேடையில்லை, விடுங்கள்.

இன்னொரு வகை, மில்லிலும் தனியார் கம்பெனியிலும் உழைத்துவிட்டு பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்கள். அந்தக் கணக்கு உங்களுக்கே மனப்பாடம். 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பை வைத்து, சேவை ஆண்டுகளால் பெருக்கி, 70-ஆல் வகுப்பார்கள். 35 வருஷம் உழைத்தவருக்கு 7,500 ரூபாய். குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள். கூடுதல் பென்ஷன் கேட்டு விண்ணப்பித்தவர்கள் கதை வேறு. எப்படியானாலும் அதில் அகவிலைப்படி கிடையாது. முதல் மாதம் வந்த தொகைதான் இருபது வருஷம் கழித்தும் வரும்.

இந்த இரண்டு பேரும் ஒரே நாளில், ஒரே மியூச்சுவல் ஃபண்டில், ஒரே தொகையைப் போட்டார்கள். இரண்டு பேருக்கும் பணம் ஒன்றரை மடங்கு ஆகியிருக்கிறது. முதல் ஆள் செலவைக் கூட்டலாமா என்று கேட்டால் "தாராளமாக" என்பேன். இரண்டாவது ஆளை "உட்காருங்கள், ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்" என்பேன். முதல் ஆளுக்கு விலைவாசி ஏறுவதை அரசாங்கம் பார்த்துக்கொள்கிறது. இரண்டாவது ஆளுக்கு அதைப் பார்த்துக்கொள்ள அந்த ஃபண்டை விட்டால் நாதியில்லை.

அந்தத் தாளில் என்ன எழுதுவோம்? ஒருவர் 60 வயதில் 60 லட்சம் ரூபாயோடு ஓய்வு பெறுகிறார் என்று வையுங்கள். பாதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுகிறார். 2023 ஏப்ரலில் அதன் உச்சவரம்பை 15 லட்சத்திலிருந்து 30 லட்சமாக்கினார்கள், வட்டியும் 8.2 சதவீதம் ஆனது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும், மாதத்துக்கு 20,500. அதை வைத்துக் குடும்பத்தை ஓட்டுகிறார். மீதி 30 லட்சம் ஃபண்டில். ஐந்து வருஷம் அதைத் தொடவில்லை. வருஷத்துக்கு 10 சதவீதம் வளர்ந்ததாக வைத்துக்கொள்வோம், யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை, ஒரு பேச்சுக்கு. 48 லட்சத்துச் சொச்சம் ஆகியிருக்கும். மனுஷன் போனைத் திறந்து பார்க்கிறார், 18 லட்சம் லாபம்! மருமகனிடம் கார் விலை விசாரிக்கச் சொல்கிறார்.

இப்போது விலைவாசியை எழுதுங்கள். வருஷத்துக்கு 6 சதவீதம் என்றால், அன்றைக்கு 60 லட்சம் வாங்கியதை இன்றைக்கு வாங்க 80 லட்சம் வேண்டும். அவரிடம் இருப்பது 30-ம் 48-ம், மொத்தம் 78. பதினெட்டு லட்சம் லாபம் என்று நினைத்தவர் உண்மையில் இரண்டு லட்சம் பின்னால் நிற்கிறார். இன்னொன்றும் உண்டு. அந்த 20,500 ரூபாய் ஐந்து வருஷம் முன்னால் 15,300 ரூபாய் வாங்கியதைத்தான் இப்போது வாங்கும். மாதா மாதம் ஐயாயிரத்துச் சொச்சம் சத்தமில்லாமல் கரைந்துவிட்டது. பாஸ்புக்கில் அது தெரியாது, மளிகைக் கடையில்தான் தெரியும். ஃபண்ட் வளர்ந்ததில் பெரும்பகுதி அந்தப் பள்ளத்தை நிரப்ப ஏற்கெனவே எழுதிவைத்தாகிவிட்டது.

"அப்படியானால் கார் கிடையாதா?" என்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். இந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அவருக்கு இப்போது 65. அறுபதில் தேவைப்பட்டதைவிட ஐந்து வருஷம் குறைவான காலத்துக்குத்தான் இந்தப் பணம் தாக்குப்பிடிக்க வேண்டும். முதல் குறையாமல் பிள்ளைகள் கையில் ஒப்படைப்பேன் என்று யாருக்கும் அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அமெரிக்காவில், வரி கட்டாமல் சேர்த்த ஓய்வுக்கால நிதியை 73 வயதிலிருந்து வருஷா வருஷம் எடுத்தே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம். வரி வசூலிக்கத்தான் அந்தச் சட்டம், ஆனால் அதன் அட்டவணை நமக்கும் உதவும். 73 வயதில் இருப்பை 26.5-ஆல் வகுக்க வேண்டும், 80-இல் 20.2-ஆல், 90-இல் 12.2-ஆல். சதவீதத்தில் சொன்னால் கிட்டத்தட்ட 4, அப்புறம் 5, அப்புறம் 8. வயது ஏற ஏற எடுக்கும் பங்கும் ஏறுகிறது. நம் ஊரில் தலைகீழ். வயது ஏற ஏறக் கையை இறுக்குகிறோம்.

வருஷத்துக்கு எவ்வளவு எடுத்தால் பணம் தாங்கும் என்பதைக் கணக்கோடு ஆராய்ந்தவர்களில் முன்னோடி வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்கர். படித்தது விமானப் பொறியியல். குடும்பத்தொழில் குளிர்பானம் பாட்டிலில் அடைப்பது. பிறகு கலிஃபோர்னியாவில் நிதி ஆலோசகரானார். 1926-லிருந்து அவர்கள் நாட்டுச் சந்தை விவரங்களை எடுத்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு வருஷமும் ஒருவர் ஓய்வு பெற்றிருந்தால் அவர் பணம் முப்பது வருஷம் தாங்கியிருக்குமா என்று போட்டுப் பார்த்தார். 1994-இல் வெளியிட்டார். முதல் வருஷம் 4 சதவீதம் எடு, பிறகு விலைவாசி ஏறிய அளவுக்கு மட்டும் அந்தத் தொகையைக் கூட்டு, பணம் தீராது என்றார். பின்னாளில் அவரே அதை 4.7 வரை உயர்த்தினார். அந்த எண்ணை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். அது அவர்கள் சந்தை, அவர்கள் விலைவாசி. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு.

4 சதவீதம் என்பது இருப்பதிலேயே துரதிர்ஷ்டசாலிக்காகப் போட்ட கணக்கு. அறுபதுகளின் பின்பாதியில் ஓய்வு பெற்ற அமெரிக்கர்தான் அந்தத் துரதிர்ஷ்டசாலி. எழுபதுகளில் விலைவாசி அவரை ஒரு பக்கம் அடித்தது, 1973-74-இல் சந்தை இன்னொரு பக்கம் அடித்தது. மற்ற வருஷங்களில் ஓய்வு பெற்றவர்கள் இதே விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் பெரும்பாலும் தொடங்கியதைவிட அதிகப் பணத்தை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதாவது, வாழாமல் விட்டிருப்பார்கள். அதனால்தான் பின்னால் வந்தவர்கள், "ஏறினால் கூட்டு, இறங்கினால் குறை" என்று விதியைத் திருத்தினார்கள். கைட்டன், கிளிங்கர் என்ற இருவர் 2006-இல் சொன்னது எனக்குப் பிடிக்கும். எனக்குத் தோதாகச் சுருக்கிச் சொல்கிறேன்.

50 லட்சம் இருக்கிறது, முதல் வருஷம் 5 சதவீதம், இரண்டரை லட்சம் எடுக்கிறீர்கள். நாலு வருஷத்தில் விலைவாசிக்காகக் கூட்டிக் கூட்டி அது 3 லட்சம் ஆகிவிட்டது. இப்போது இருப்பைப் பாருங்கள். 75 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், நீங்கள் எடுப்பது 4 சதவீதம்தான். செலவைப் பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். இருப்பு 50 லட்சமாகவோ அதற்குக் கீழாகவோ இருந்தால், எடுப்பது 6 சதவீதம் ஆகிவிட்டது. பத்தில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஒன்றும் செய்யாதீர்கள்.

இதில் கவனிக்க வேண்டியது கூட்டும் அளவு. 25 லட்சம் ஏறியிருக்கிறது, கூட்டச் சொல்வதோ மாதத்துக்கு 2,500 ரூபாய். சிரிக்கிறீர்கள். 2008 ஜனவரியில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 21,000-ஐத் தொட்டது. அன்றைக்கு இருப்பைப் பார்த்துச் செலவைப் பெருக்கிக்கொண்டவருக்கு அடுத்த வருஷம் மார்ச்சில் சென்செக்ஸ் 8,000 பக்கம் நின்றது. பழைய உயரத்தை உருப்படியாகத் தாண்ட 2013 பிற்பாதி ஆனது. சம்பளக்காரர் என்றால் ஐந்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டே இருந்திருப்பார். எடுத்துச் சாப்பிடுகிறவர் அந்த ஐந்து வருஷமும் குறைந்த விலைக்கு விற்று விற்றுச் சாப்பிட்டிருப்பார். அப்படி விற்ற ஃபண்ட் யூனிட்டுகள் போனது போனதுதான்.

சரி, கூட்டுவது என்று முடிவாகிவிட்டது. எதில் கூட்டுவது? ஒருமுறைச் செலவு வேறு, மாதச் செலவு வேறு. காசிக்குப் போய்வருவது ஒருமுறை. குளியலறையில் பிடிகம்பி வைத்து வழுக்காத டைல்ஸ் போடுவது ஒருமுறை. கண்புரை, மூட்டு ஆபரேஷன், காது மெஷின், இதெல்லாம் ஒருமுறை. சந்தை நன்றாக இருக்கும் வருஷத்தில் இவற்றைச் செய்துகொண்டால் அடுத்த வருஷம் விழுந்தாலும் பாதகமில்லை. கார் அப்படியல்ல. காப்பீடு, டிரைவர், பெட்ரோல் என்று மாதா மாதம் வாய் திறக்கும். பெரிய ஃப்ளாட்டுக்குப் போவதும் அப்படித்தான், பராமரிப்புக் கட்டணம் சந்தையைப் பார்த்து இறங்காது.

ஏறியதிலிருந்து எடுப்பதில் இன்னொரு வசதி. சற்று முன் சொன்னவரிடம் பாதிக்குப் பாதி என்று தொடங்கியது, இப்போது ஃபண்ட் மட்டும் நூற்றுக்கு 62 ஆகிவிட்டது. அவர் கேட்காமலேயே ரிஸ்க் கூடிவிட்டது. அதில் கொஞ்சம் விற்று, இரண்டு மூன்று வருஷச் செலவை வங்கி வைப்புநிதிக்கு மாற்றினால் தூக்கம் நன்றாக வரும். வருஷத்துக்கு 1.25 லட்சம் வரை நீண்டகால லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். பங்குசார் ஃபண்டுகளுக்கு இது.

தங்கம் பற்றி அம்மாக்கள் கேட்பீர்கள். 2025 டிசம்பரில் சென்னையில் பவுன் ஒரு லட்சத்தைத் தாண்டியது. நாற்பது பவுன் வைத்திருப்பவர் தன்னை லட்சாதிபதி என்று நினைப்பதில் தப்பில்லை. கழற்றி விற்கப் போகிறீர்களா? பேத்தி கல்யாணத்துக்கு என்றால், அதைச் செலவுக் கணக்கில் எழுதாதீர்கள். குடியிருக்கும் வீட்டின் விலையும் அப்படித்தான்.

இதுவரை பேசியது கூட்டத் துடிப்பவர்களுக்கு. வங்கியில் நான் அதிகம் பார்த்தது இவர்களை அல்ல. வட்டி வந்ததும் அதையே மறுபடி வைப்பில் போடுகிறவர்களைத்தான். கோடி ரூபாய் இருக்கும். வீட்டில் மகன் வாங்கிக் கொடுத்த ஏசி இருக்கும். மே மாதத்தில், இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எகிறிவிடும் என்று தினம் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்து, நாள்காட்டியில் குறித்துவைத்து, ஏசியை விருந்தாளி வந்தால் மட்டும் போடுவார்கள். எகிறும் என்பது உண்மைதான். எவ்வளவு எகிறும் என்று யாராவது போட்டுப் பார்த்தார்களா? அந்தக் கோடியின் ஒரு வார வட்டிகூட இருக்காது.

அவர்களைக் கஞ்சர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆஸ்பத்திரி பயம். பிள்ளைகளிடம் கை நீட்டக் கூடாது என்ற ரோஷம். அப்புறம், ஒரு சம்பளத்தில் மூன்று பேரைப் படிக்கவைத்த காலத்துப் பழக்கம். பயத்துக்கு மருந்து, மருத்துவத்துக்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி, அதை இந்தக் கணக்கிலேயே சேர்க்காமல் இருப்பது. காப்பீடு இருந்தால் விடாதீர்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பரிலிருந்து ஜிஎஸ்டி இல்லை. 70 வயது தாண்டியவர்களுக்கு மத்திய அரசின் ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீடு இருக்கிறது, பதிவு செய்துகொள்ளுங்கள். அதற்கு மேலும் மீதி இருந்தால், அது உங்களுடைய பணம். அறுபத்தேழு வயதில் ஏற முடிகிற பழனி மலைப் படி எண்பத்திரண்டில் ஏற முடியாது. வயது கூடக் கூட ஊர் சுற்றுவதும் துணி எடுப்பதும் தானாகவே குறையும் என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. அது தெரிய ஆய்வு எதற்கு, நம் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்தாலே போதும்.

கணக்குப் போட வருஷத்தில் ஒரு நாள் போதும். நவம்பரில் வாழ்வுச் சான்று கொடுக்கிறோம் அல்லவா, அந்த வாரம் உட்காருங்கள், கணவனும் மனைவியும் சேர்ந்து. மற்ற நாட்களில் போனில் அந்தச் செயலியைத் திறக்காமல் இருந்தால் ரத்த அழுத்தத்துக்கும் நல்லது.

ஒருவர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். "செலவைக் கூட்டிய பிறகு சந்தை விழுந்தால்?" நல்ல கேள்வி. 2020 ஜனவரியில் 42,000 வரை போன சென்செக்ஸ் மார்ச் 23-ஆம் தேதி 26,000-க்குக் கீழே போனது. அன்றைக்கு என்ன செய்திருக்க வேண்டுமோ அதையே செய்யுங்கள். ஃபண்டிலிருந்து மாதா மாதம் எடுப்பதை நிறுத்திவையுங்கள். ஒதுக்கிவைத்த வைப்புநிதியிலிருந்து எடுத்துச் செலவு செய்யுங்கள். கடைசியாகக் கூட்டிய 2,500 ரூபாயை மட்டும் முதலில் குறையுங்கள். அது எதற்குப் போகிறது என்று இன்றைக்கே தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வேலைக்காரம்மா சம்பளத்தை மட்டும் அந்தப் பட்டியலில் எழுதாதீர்கள்.