ஒரு தோட்டம், இரண்டு பெயர்: வானொலி நிருபர் வீட்டுக் கொப்பி

[காட்சி: மூடுபனி. லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) வாசலில் ரேடியோ.]

வணக்கம் மக்களே! வானொலியில் வாசித்த மரண அறிவித்தலில் தேயிலைத் தோட்டத்தின் பெயர் பிழையாகிவிட்டால் என்ன ஆகும்? அண்ணன் செத்தது தெரியாமல் தங்கை அன்றைக்கும் கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். இந்தப் பயத்தோடுதான் என் பெரியப்பா வாழ்ந்தார். இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்து வானொலி நிருபர் அவர்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். கொழும்பில் 1925 டிசம்பர் 16இல் வானொலி தொடங்கியது, 1967இல் கூட்டுத்தாபனம் ஆனது. சரி, விஷயத்துக்கு வருவோம்.

[காட்சி: தோட்டத்துப் பெயர்ப்பலகைகள்]

மலையகத்தில் ஒரு தோட்டத்துக்கு இரண்டு பெயர் இருக்கும். வெள்ளைக்காரத் துரைமார் வைத்தது ஒன்று, நம் சனம் வைத்தது ஒன்று. பூண்டுலோயாவில் டன்சினன் இருக்கிறதே, அது ஸ்கொட்லாந்தில் ஒரு குன்றின் பெயர். தலவாக்கலை ஹோலிரூட், எடின்பரோ அரண்மனையின் பெயர். அரண்மனைப் பெயர் வைத்த தோட்டத்தில் சனம் இருந்தது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில்! எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறாது. ஆனால் சனம் அந்தப் பெயரோடு நிற்கவில்லை. வேலையாட்களை மேற்பார்த்த கங்காணியை வைத்து, ஆற்றை வைத்து, கோயிலை வைத்துத் தங்களுக்கென்று ஒரு பெயர் சூட்டிக்கொண்டது. அதற்குள்ளும் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பிரிவு வேறு.

தோட்டத்து ஆபீஸ் கடிதத்தில் ஒரு பெயர், கேட்கிறவர் காதுக்குப் பழகியது இன்னொன்று. எதை அனுப்புவது? பெரியப்பா இரண்டையும் அனுப்புவார். அதற்காகவே வீட்டில் ஒரு கொப்பி இருந்தது. அதில் பாதிப் பெயர்கள் பெரியம்மா மலையில் மற்றப் பெண்களிடம் கேட்டு வந்து சொன்னவை. அவரும் ஒரு நிருபர்தான் என்பேன் நான்.

மரண அறிவித்தல் நிருபரின் வேலையே இல்லை. ஆனாலும் இராத்திரியில் துண்டுக் கடதாசியோடு ஆட்கள் வருவார்கள். பெரியம்மா பிளேன்டீ ஊற்றுவார். “மேல்கணக்கா, கீழ்க்கணக்கா?” என்று பெரியப்பா இரண்டு தரம் கேட்பார். விடிந்ததும் டவுனுக்கு நடந்து போய், டெலிபோனில் எழுத்தெழுத்தாகச் சொல்லுவார். வாசிக்கும் நேரம் வீட்டில் ஒரு கரண்டிச் சத்தம் கேட்கக் கூடாது.

ஒருமுறை அவரே மேல்கணக்கு, கீழ்க்கணக்கை மாற்றி எழுதிவிட்டார். மறுநாள் நடந்தே போய் அந்த வீட்டு வாசலில் நின்றார்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் புதைந்தபோது, தொலைவில் இருந்தவர்கள் முதலில் கேட்டதும் “எந்தத் தோட்டம்?” என்றுதான்.

கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கங்களில் மை கரைந்துவிட்டது. உங்கள் தோட்டத்துக்குச் சனம் வைத்த பெயரைக் கீழே எழுதுங்கள், பிரிவையும் சேர்த்து. நான் அதில் ஏற்றிவைக்கிறேன்.