உச்சிவெயிலில் வெள்ளை மரங்கள்

(ஒரு புகைப்பட மன்றத்தின் ஞாயிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கேமராவோ போனோ வைத்திருப்பவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது டி.வி. ரிமோட். இதை உங்கள் பக்கம் திருப்பி ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்கிறேன். வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது திரை வழியாகப் பாருங்கள். முன்வரிசையில் ஐயா தலையாட்டுகிறார், அவருக்குத் தெரிகிறது. சிலருக்கு வெள்ளையாகவோ ஊதாவாகவோ ஒரு புள்ளி மினுக்கும். சிலருக்கு எதுவும் தெரியாது. போனில் தெரியாதவர்கள் செல்ஃபி கேமராவுக்கு மாற்றிப் பாருங்கள், அதில் தெரிய வாய்ப்பு அதிகம்.

சரி, இப்போது பரிசோதனை ஒன்றைச் செய்து முடித்துவிட்டீர்கள். யாருடைய கேமராவில் அந்தப் புள்ளி பளிச்சென்று தெரிந்ததோ, அவரிடம் அகச்சிவப்பில், அதாவது சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத ஒளியில், படம் எடுக்கும் கருவி ஏற்கெனவே இருக்கிறது. வீட்டில் அலமாரிக்குள் கிடக்கும் பழைய காம்பாக்ட், அதாவது லென்ஸைக் கழற்ற முடியாத சிறிய கேமராவையும் இன்று இரவே இப்படிச் சோதித்துவிடுங்கள். இந்த விளையாட்டுக்குப் புதிய, விலை உயர்ந்த கேமராவைவிட அந்தப் பழையதுதான் பொருத்தம். நான் சொல்ல வந்ததே அதுதான்.

ரிமோட்டின் ஒளி பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. நம் கண் ஏறக்குறைய 400 முதல் 700 வரைதான் பார்க்கும். கேமராவின் சென்சார் சிலிக்கான். அது 1100 நானோமீட்டர் அருகில்வரை உணரும். அதை அப்படியே விட்டால் நிறங்கள் கெட்டுப்போகும் என்று, சென்சாருக்கு முன்னால் ஒரு சிறு கண்ணாடியை வைத்து அகச்சிவப்பைத் தடுக்கிறார்கள். அந்தக் கண்ணாடி சோடையானால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் உண்டு. 2006-இல் லைக்கா எம்8 வந்தது. அதில் இந்தத் தடுப்பு மெல்லியது. கறுப்புச் செயற்கை இழைத் துணிகள் எல்லாம் ஒருவித ஊதாச் சிவப்பில் விழுந்தன. கடைசியில் வாங்கியவர்களுக்கு லென்ஸ் முன்னால் மாட்டிக்கொள்ள ஃபில்டர்களை நிறுவனமே இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. கல்யாணத்துக்குக் கோட்டு போட்டு வந்தவர்களைப் படமெடுத்தவர் பாடு திண்டாட்டம். ஆனால் அகச்சிவப்புக்காரர்கள் அந்தக் கேமராவைத் தேடிப் பிடித்தார்கள்.

ஆரம்பகால காம்பாக்ட்களில் பலவற்றில் இந்தத் தடுப்பு பலவீனம்தான். நிக்கான் கூல்பிக்ஸ் 950, ஒலிம்பஸ் சி-2020, கேனான் பவர்ஷாட் ஜி1 ஆகியவை அந்தக் காலத்தில் இதற்கென்றே பெயர் வாங்கியவை. பிறகு வந்த கேமராக்களில் தடுப்பு வலுவாகிக்கொண்டே போனது. சோனி எஃப்707, எஃப்717 இரண்டும் தனி ரகம். அவற்றில் நைட்ஷாட் என்று ஒரு பொத்தான் உண்டு. அதைத் தட்டினால் தடுப்புக் கண்ணாடியே சென்சாருக்கு முன்னாலிருந்து விலகிவிடும். ஆனால் பகலில் அதைப் பயன்படுத்த முடியாதபடி ஷட்டர் வேகத்தையும், அப்பர்ச்சர் என்ற லென்ஸ் துளையின் அளவையும் கட்டிப்போட்டிருந்தார்கள். காரணம், 1998-இல் சோனியின் நைட்ஷாட் வீடியோ கேமரா சில மெல்லிய துணிகளை ஊடுருவிப் பார்க்கிறது என்று எழுந்த சர்ச்சை. இந்தக் கட்டுப்பாட்டால் பகலில் படம் அளவுக்கு மீறி வெளுத்துப்போகும் என்பதால், நம்மவர்கள் வெளிச்சத்தைக் குறைக்கும் சாம்பல் நிற ஃபில்டரைக் கூடுதலாக மாட்டிச் சமாளித்தார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அகச்சிவப்பு என்றதும் காய்ச்சல் பார்க்கும் கருவியும், இருட்டில் மனித உடல் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் படமும் நினைவுக்கு வரும். அது வேறு. அந்த வெப்பப் படங்கள் 8,000 முதல் 14,000 நானோமீட்டர் வரையிலான கதிர்களால் எடுக்கப்படுபவை. அதற்கு வேறு சென்சார், ஜெர்மேனியம் போன்ற பொருளில் செய்த லென்ஸ் எல்லாம் வேண்டும். நாம் பிடிக்கப்போவது சூரியன் கொட்டி, பொருள்கள் திருப்பி அனுப்பும் ஒளி. கொதிக்கும் கெண்டியை இந்தக் கேமராவில் எடுத்தால் கெண்டி கெண்டியாகவேதான் தெரியும். குழப்பத்துக்கு வரலாற்றிலும் இடம் இருக்கிறது. 1800-இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தால் சூரிய ஒளியைப் பிரித்து, சிவப்புக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அதுதான் அதிகம் ஏறியது. இந்தக் கதிரை மனிதன் முதலில் அறிந்தது சூடாகத்தான். அதைப் படமாக்கிக் காட்டியவர் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், 1910-இல். வெள்ளை மரங்களும் கறுத்த வானமும் அப்போதே வந்துவிட்டன. இலை வெளுப்பதை இன்றும் வுட் விளைவு என்றே சொல்கிறோம்.

இலை ஏன் வெளுக்கிறது? பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் விழுங்கும், பச்சையில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். 700-ஐத் தாண்டியதும் பச்சையத்துக்குப் பசி போய்விடுகிறது. அகச்சிவப்பு அதன் வழியே தடையில்லாமல் உள்ளே போகிறது. அங்கே செல் சுவர்களும் இடையிடையே காற்று இடைவெளிகளும் இருக்கின்றன. ஒவ்வோர் எல்லையிலும் ஒளி மடங்கிச் சிதறி, பெரும்பங்கு வெளியே வந்துவிடுகிறது. ஒரு சர்க்கரைப் பருக்கை கண்ணாடி மாதிரி இருந்தாலும் ஒரு கரண்டிச் சர்க்கரை வெள்ளையாகத் தெரிகிறதே, அதே கதைதான். இலையில் உயிர் குறையும்போது இந்த வெளுப்பும் குறையும். நம் ஐ.ஆர்.எஸ். (இந்தியத் தொலையுணர்வு) செயற்கைக்கோள்கள், 1988-இல் ஏவிய முதலாவதிலிருந்தே, இதை வைத்துத்தான் மேலிருந்து பயிரைக் கவனித்து வருகின்றன. இரண்டாம் உலகப் போரில் பச்சை வண்ணம் பூசி ஒளித்து வைத்ததை அகச்சிவப்பு ஃபிலிம் காட்டிக்கொடுத்ததும் இப்படித்தான். உண்மையான இலை வெளுக்கும், சாதாரணப் பச்சைப் பெயிண்ட் கறுக்கும்.

வானத்துக்குக் காரணம் வேறு. காற்று ஒளியைச் சிதறடிக்கும் அளவு, அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். 450 நானோமீட்டர் நீலம் சிதறுவதில் பத்தில் ஒரு பங்குதான் 800-இல் சிதறும். ஆகவே நீல வானம் கறுத்துப்போகும், மேகம் மட்டும் வெள்ளையாக நிற்கும். மெல்லிய தூரத்துப் புகைமூட்டமும் விலகும். ஆனால் அடர்ந்த பனிமூட்டத்தை இது ஒன்றும் செய்யாது. அதன் நீர்த்துளிகள் பெரியவை. தண்ணீரோ அகச்சிவப்பை விழுங்கிவிடும். தெளிந்த கோயில் குளம் மை மாதிரி வரும், கலங்கல் குளம் அவ்வளவு கறுக்காது.

இப்போது காம்பாக்டுக்கு வருவோம். நாம் லென்ஸ் முன்னால் மாட்டப்போகும் ஃபில்டர் பார்வைக்கு முழுக் கறுப்பு. லென்ஸ் வழி வரும் ஒளியைக் கண்ணால் பார்த்து எடுக்கும் எஸ்.எல்.ஆர். வகையில் அதை மாட்டினால் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. ஃபில்டரைக் கழற்றி, காட்சியைச் சட்டகத்தில் வைத்து, ஃபோகஸ் செய்து, மறுபடி மாட்டி எடுக்க வேண்டும். காம்பாக்டில் சென்சார் பார்ப்பதே திரையில் வருகிறது. அகச்சிவப்புக் காட்சியை நேரிலேயே பார்த்துச் சட்டகம் அமைக்கலாம். ஃபோகஸும் அந்தச் சென்சாரை வைத்தே நடக்கிறது. அகச்சிவப்பு சற்றுத் தள்ளிக் குவியும் என்பதால் பழைய லென்ஸ்களில் அதற்கென்று சிவப்புக் குறி போட்டிருப்பார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. சென்சார் சிறியது, காட்சியில் ஆழம் கூடுதல், சிறு பிசகு இருந்தாலும் மறைந்துவிடும். ஒரே தொல்லை, உச்சிவெயிலில் திரை தெரியாது. ஒரு கறுப்புத் துண்டு எடுத்துப்போங்கள். தலைமேல் போட்டுக்கொண்டு எடுத்தால் பழைய ஸ்டுடியோக்காரர் மாதிரித்தான் இருக்கும், பரவாயில்லை.

ஃபில்டரில் முதலில் வாங்க வேண்டியது 720 நானோமீட்டர், அதாவது ஏறக்குறைய அதற்குக் கீழுள்ள ஒளியை வெட்டும் வகை. ஹோயா ஆர்72 அந்த ரகம். 850, 950 என்று விற்பவை கண்ணுக்குத் தெரியும் சிவப்பை முழுக்க வெட்டிவிடும். உள்ளிருக்கும் தடுப்பை எடுக்காத கேமராவில் அவற்றைப் போட்டால் ஒளி போதவே போதாது. கேனான் ஜி7, ஜி9, ஜி10 போன்றவற்றில் லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தைக் கழற்றி 58 மி.மீ. அடாப்டர் குழாய் மாட்டலாம். அப்படி வசதி இல்லாத கேமராவுக்கு அட்டையில் ஒரு குழாய் செய்து உட்புறம் கறுப்புக் காகிதம் ஒட்டி ஃபில்டரைப் பொருத்துங்கள். பக்கவாட்டில் வெளிச்சம் கசியாமல் இருந்தால் போதும். காசே செலவழிக்காமல் பார்க்க வேண்டுமா? ஒளி படாமலே டெவலப் செய்த ஸ்லைடு ஃபிலிமின் கறுப்புத் துண்டு கிடைத்தால், அதை லென்ஸ் முன் வைத்துப் பாருங்கள். அகச்சிவப்பு அதன் வழியே வரும். படம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும், ஆனால் இந்த வேலை நமக்குப் பிடிக்குமா என்று தெரிந்துவிடும்.

உள்ளே ஒரு தடுப்பு, வெளியே ஒரு தடுப்பு. இரண்டுக்கும் நடுவில் தப்பி வரும் ஒளிதான் படம். அதனால் நல்ல வெயிலிலும் ஐ.எஸ்.ஓ. (ஒளியை உணரும் அளவு) 100-இல் ஷட்டர் அரை விநாடியிலிருந்து பல விநாடிகள்வரை போகும். டிரைபாட் கட்டாயம். பொத்தானை விரலால் அழுத்தாமல் 2 விநாடி டைமர் வையுங்கள். மேனுவல் முறையோ நீண்ட ஷட்டர் முறையோ இல்லாத கேமராவில் சிரமம். ஐ.எஸ்.ஓ.-வை ஏற்றலாமே என்று பின்னால் ஒரு தம்பி கேட்கிறார். பழைய சிறு சென்சாரில் 400-க்கு மேல் போனால் படம் முழுக்கப் புள்ளி விழும். அதைவிட விநாடிகளை நீட்டுவதே மேல். காற்றடித்தால் இலை கலங்கும். அது சில படத்தில் அழகு, சில படத்தில் சேதம். எல்லாம் எடுத்துப் பார்த்துத்தான் தெரிய வேண்டும்.

அப்பர்ச்சரை அகலமாகவே வையுங்கள், எஃப் 2.8 அல்லது 4. சிறு துளையில் இரண்டு கெடுதல். நீண்ட அலைநீளம் துளை ஓரத்தில் அதிகம் வளைந்து படத்தின் கூர்மையைக் கெடுக்கும். இன்னொன்று ஹாட்ஸ்பாட். லென்ஸுக்குள் அகச்சிவப்பு எதிரொளித்துப் படத்தின் நடுவில் வெளுத்த வட்டமாக விழும். வெறும் வானத்தை ஒவ்வொரு ஜூம் நிலையிலும் எடுத்துப் பாருங்கள். வட்டம் எங்கே வருகிறதோ அந்த ஜூமை விட்டுவிடுங்கள். இதைக் கணினியில் சரிசெய்வது பெரும்பாடு.

ஃபில்டர் போட்டு எடுத்த முதல் படம் முழுச் சிவப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம். 720 அருகில் சென்சாரின் சிவப்புப் புள்ளிகளுக்குத்தான் அதிக ஒளி கிடைக்கிறது. ஃபில்டரோடு வெயில்பட்ட புல்லைக் காட்டி கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் (எதை வெள்ளையாகக் கொள்வது என்று கேமராவுக்குக் காட்டுவது) எடுங்கள், சிவப்பு இறங்கிவிடும். கேனான் பவர்ஷாட் பலவற்றில் சி.எச்.டி.கே. என்ற இலவச மென்பொருளை மெமரி கார்டில் போட்டால் கேமரா பதப்படுத்தாத ரா கோப்பே கிடைக்கும். ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் சேனல் மிக்ஸரைத் திறந்து சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினால், செம்பழுப்பாக இருந்த வானம் நீலமாகும். எல்லோரும் இணையத்தில் போடும் அந்தப் படம் அதுதான். என் கருத்து, முதலில் கொஞ்ச காலம் கறுப்பு வெள்ளையிலேயே எடுங்கள். நீலவானமும் வெள்ளை மரமும் முதல் தடவை மயக்கும், பிறகு எல்லாப் படமும் ஒரே படமாகத் தெரியும். கறுப்பு வெள்ளையில் கல், நீர், இலை என்று ஒவ்வொன்றின் சாயலையும் பார்த்துப் பழக வேண்டியிருக்கிறது. அங்கேதான் படம் எடுப்பவர் தேவைப்படுகிறார்.

நேரம் எது? மற்றப் படங்களுக்கு நாம் தவிர்க்கும் பதினொன்று முதல் மூன்று மணிவரைதான் இதற்கு ராஜ நேரம். மேகமூட்ட நாளில் மரம் வெளுக்கும், ஆனால் படம் சப்பென்று இருக்கும். வேப்பமரம், புளியமரம், வயல், இவை உடனே பலன் தரும். மனிதர்களை எடுத்தால் தோல் பால் போல வழவழப்பாகி, அடியிலுள்ள நரம்புகள் தெரியும், கண் கறுத்துக் குழியாகும். அவர்கள் சம்மதித்தாலும், படத்தைப் பார்த்தபின் நம்மிடம் பேசுவார்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேமராவைத் திறந்து உள்ளிருக்கும் தடுப்பையே எடுத்துவிடலாமா என்று யாராவது கேட்பீர்கள். எடுத்தால் கையில் பிடித்தே எடுக்கலாம், உண்மை. ஆனால் காம்பாக்டுக்குள் ஃபிளாஷுக்கான கெபாசிட்டர் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் ஏறக்குறைய 300 வோல்ட் தங்கியிருக்கும். தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் யாரும் ஸ்க்ரூடிரைவரை எடுக்க வேண்டாம். கண்ணாடியை வெறுமனே எடுத்தால் ஃபோகஸ் தூரமும் மாறும். அதே தடிமனில் வேறு கண்ணாடி வைக்க வேண்டும். இது இரண்டாம் கேமராவுக்கான வேலை, முதல் கேமராவுக்கு அல்ல.

ஒரு முக்கியமான விஷயம், குழந்தைகளோடு வந்திருப்பவர்கள் கவனியுங்கள். இந்த ஃபில்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது. கறுப்பாக இருக்கிறதே என்று தோன்றும். கண்மணி இருட்டென்று நினைத்து விரியும், அகச்சிவப்போ முழுசாக உள்ளே போய் விழித்திரையைச் சுடும். வலிகூடத் தெரியாது.

மேசையில் ஃபில்டர்கள் வைத்திருக்கிறேன், எல்லாம் 720. ரிமோட்டில் யாருக்குப் புள்ளி தெரிந்ததோ அவர்கள் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரமும் பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்புக் கதவும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. இரண்டையும் ஒரே சட்டகத்தில் எடுத்து வாருங்கள், திரையில் போட்டுப் பேசலாம்.