கச்சேரி இருந்தால்தான் மற்றதெல்லாம்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். எதிரணி அக்காவுக்கும் தம்பிகளுக்கும், பட்டர்வொர்த்திலிருந்தும் பிறையிலிருந்தும் இந்த மழையில் பாலம் தாண்டி பினாங்குத் தீவுக்கு வந்து உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒரு முறை சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து உட்கார்ந்தவர்களுக்கு உதவும். ஒரு வட்டார ஆர்க்கெஸ்ட்ரா, அதாவது வயலின், செல்லோ போன்ற மேற்கத்திய கருவிகளைப் பலர் சேர்ந்து வாசிக்கும் பெரிய இசைக்குழு, ஊர் மனத்தில் இடம் பிடிப்பது மேடைக் கச்சேரியாலா, ஊருக்குள் இறங்கிச் செய்யும் சமூகப் பணியாலா? நாங்கள் கச்சேரிப் பக்கம். எனக்கு முன்னால் பேசிய அக்கா மூன்று விஷயம் சொன்னார். டிக்கெட் விலையும் உடுப்புக் கட்டுப்பாடும் நம் மக்களை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன என்றார். பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் போய் வாசிக்கிறவர்களைத்தான் ஊர் மறக்காது என்றார். மூன்றாவதாக, வெனிசுவேலாவில் ஏழைப் பிள்ளைகள் கையில் வயலினைக் கொடுத்தார்களே, அதைப் பாருங்கள் என்றார்.

மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது எங்கள் பக்கத்துச் சாட்சி. 1975-இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு காராகஸில் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு எல் சிஸ்தேமா என்று பெயர். அதன் வழி என்ன? பிள்ளையை ஓர் அறையில் தனியாக உட்கார வைத்து, வருஷக்கணக்கில் பாடம் எடுத்துவிட்டு, அப்புறம் பார்க்கலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. தொடக்கத்திலேயே ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருக்கிறவனைப் பார்த்துக் கற்றுக்கொள், இன்ன தேதியில் மேடை, ஊர் வந்து கேட்கும் என்றார்கள். அந்தத் திட்டத்தில் வளர்ந்த குஸ்தாவோ துடாமெல் 2009-இல் லாஸ் ஏஞ்சலஸ் பில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநர் ஆனார். சமூகப் பணி என்று அக்கா சொல்லும் அந்த வேலைக்கு உள்ளே இருந்தது கச்சேரிதான் ஐயா, கச்சேரியை எடுத்துவிட்டால் அங்கே மிஞ்சுவது டியூஷன் வகுப்பு.

வெனிசுவேலா வரைக்கும் போவானேன். தைப்பூசத்துக்கு முந்தின மாதங்களில் நம் அடுக்குமாடி வீடுகளின் கீழே ராத்திரியில் உறுமி மேளப் பையன்கள் பழகுவதைக் கேட்டிருக்கிறீர்கள்தானே. பகலெல்லாம் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து, கை கொப்பளிக்க அதே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார்கள். யாரும் அவர்களுக்குப் பட்டறை நடத்தவில்லை. தண்ணீர்மலைக்குப் போகும் சாலையில் அன்றைக்கு ஊரே நிற்கும், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தாளம் தப்பக் கூடாது, அவ்வளவுதான். ஒரு தேதியும் ஒரு கூட்டமும் மனிதனை எவ்வளவு வேலை வாங்கும் என்பதற்கு இதைவிட எனக்கு வேறு ஆதாரம் தெரியாது.

ஆர்க்கெஸ்ட்ராவிலும் இதேதான் நடக்கிறது. என் அக்கா மகள் ஓர் இளையோர் இசைக்குழுவில் வயோலா வாசிக்கிறாள், வயலினைவிடச் சற்றுப் பெரிய கருவி அது. ஒரு நாள் ஒத்திகையில் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். இசைத்தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர். பக்கம் திருப்ப வேண்டிய இடம் வந்தால் உள்பக்கம் இருக்கிறவள் வில்லை நிறுத்திவிட்டுத் திருப்புவாள், வெளிப்பக்கம் இருக்கிறவள் விடாமல் வாசிப்பாள். வில் மேலே போக வேண்டுமா கீழே வர வேண்டுமா என்பதை முதல் வயலின்காரர் ஓரிடத்தில் மாற்றினார். உடனே ஒவ்வொரு பிரிவின் தலைவரும் பின்னால் திரும்பிச் சொல்ல, ஸ்டாண்டில் கிடந்த பென்சில்களெல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து தாளில் சின்னச் சின்னக் குறி போட்டன. ஏன் இவ்வளவு நுணுக்கம் என்று அவளிடம் கேட்டேன். "மாமா, வில்லெல்லாம் ஒரே பக்கம் போகலைன்னா சத்தமும் ஒண்ணா இருக்காது, பார்க்கிறவங்களுக்கும் தெரிஞ்சிடும்" என்றாள். அவளோடு ஸ்டாண்டைப் பகிர்ந்துகொள்வது புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வரும் சீனப் பெண். பின்வரிசையில் ஒரு மலாய்ப் பையன், அவனுக்குப் பென்சில் எப்போதும் இருக்காது, இவள்தான் கொடுப்பாள். வீட்டில் மூன்று பேரும் மூன்று மொழி பேசுகிறார்கள், அங்கே ஒரே மூச்சில் வில்லைத் தூக்குகிறார்கள். இதைச் சமூகப் பணி இல்லை என்று யாராவது சொல்வார்களா? இந்த வேலை முழுவதும் நடந்தது ஒரு கச்சேரித் தேதிக்காக.

பள்ளிக்குப் போவதைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். நான் குறை சொல்வது போகிறவர்களை இல்லை, அந்த முறையை. எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்ப்பள்ளிக்கு ஒரு குழு வந்தது, பெயர் வேண்டாம். நாலு பேர் வந்தார்கள். இது வயலின், இது செல்லோ என்று காட்டினார்கள், பிள்ளைகளுக்குத் தெரிந்த கார்ட்டூன் பாட்டு இரண்டு வாசித்தார்கள், பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஆசிரியையிடம் "டீச்சர், மறுபடி எப்ப வருவாங்க?" என்று கேட்டதாம். ஆசிரியையிடம் சொல்ல ஒரு தேதி இல்லை. அந்தக் கேள்வி எனக்கு இன்னும் வலிக்கிறது. இதில் எனக்குக் கோபம் வரும் இன்னோர் இடமும் உண்டு: பிள்ளைகள்தானே, நம் ஆட்கள்தானே, இவர்களுக்கு இது போதும் என்று இசையைக் குறைத்துப் பரிமாறுவது. யார் முடிவு செய்தது, இவர்களுக்கு முழு இசை தாங்காது என்று?

அமெரிக்க இசை நடத்துநர் லெனார்ட் பெர்ன்ஸ்டைன் அப்படி நினைக்கவில்லை. நியூயார்க் பில்ஹார்மோனிக்கோடு 1958 முதல் 1972 வரை அவர் நடத்திய சிறுவர் கச்சேரிகள் தொலைக்காட்சியில் வந்தன. பிள்ளைகளைக் கச்சேரி அரங்குக்கே வரவழைத்து, முழு ஆர்க்கெஸ்ட்ராவை எதிரே உட்கார வைத்து வாசித்தார். 1960-இல் இசையமைப்பாளர் மாலரைப் பற்றியே ஒரு நிகழ்ச்சி. பெரியவர்களே தயங்கிக் கேட்டுக்கொண்டிருந்த மாலரை! நம் பக்கத்தில் டி.என். ராஜரத்தினம் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் வீதியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று கேட்ட ஜனங்களுக்கு அவர் தோடியை மணிக்கணக்கில் வாசித்தார். அவர்களுக்கு ராகம் தெரியுமா என்று கேட்டுவிட்டா நாதஸ்வரத்தை எடுத்தார்?

சரி, ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம். படுக்கையை விட்டு எழுந்து வர முடியாதவர்களிடம் இசை போகத்தான் வேண்டும். அதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. ஆனால் அங்கே போகிற நாலு பேர் எங்கிருந்து வருகிறார்கள்? எழுபது பேரோடு உட்கார்ந்து வாசித்து வாசித்துக் காதும் கையும் பழகியவர்கள். நம்மைப் போன்ற ஊர்க் குழுக்களில் பலர் பகலில் இசை ஆசிரியர்கள், மாணவர்கள், வேறு வேலை பார்க்கிறவர்கள். அவர்களை மாலையிலும் சனி ஞாயிறிலும் ஒன்றாக இழுத்து வைத்திருப்பது அடுத்த கச்சேரி. கச்சேரி நின்றால் இரண்டு வருஷத்தில் குழு கலைந்துவிடும். அப்புறம் முதியோர் இல்லத்துக்கு யாரை அனுப்புவீர்கள்?

வட்டார ஆர்க்கெஸ்ட்ரா என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இங்கிலாந்தின் போர்ன்மத் சிம்ஃபனி. 1893-இல் ஒரு கடற்கரை ஊரில் பிறந்தது, இன்றைக்கு அந்தத் தென்மேற்குப் பகுதி முழுவதற்குமான குழு. லண்டன் இல்லை, கிட்டத்தட்ட நம்மை மாதிரி. 2018-இல் அவர்கள் உடல் ஊனமுள்ள இசைக்கலைஞர்களை வைத்து ரெசவுண்ட் என்று ஒரு சிறு குழு உருவாக்கினார்கள். அதன் இசை நடத்துநர் ஜேம்ஸ் ரோஸுக்குப் பெருமூளை வாதம், தலையில் பொருத்திய கோலை அசைத்து இசையை நடத்துகிறார். சமூகப் பணியில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எதிரணிக்கும் கிடைக்காது, அதனால் நானே சொல்கிறேன். அந்தக் கலைஞர்களுக்கு என்ன கொடுத்தார்கள்? சான்றிதழா? அதே வருஷம் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசியின் ப்ராம்ஸ் (Proms) இசை விழாவில், மேடை கொடுத்தார்கள். அந்தக் கச்சேரியில் கேட்க வந்தவர்கள் எழுந்து நடக்கலாம், சத்தம் போடலாம், குழந்தை அழுதால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கச்சேரியின் கதவைத் திறந்தார்கள், கச்சேரியை விட்டு வெளியே போகவில்லை.

நம் நாட்டிலும் வரிசை இதுதான். மலேசிய பில்ஹார்மோனிக் 1998 ஆகஸ்ட் 17-இல் கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் அடியில் உள்ள டேவான் பில்ஹார்மோனிக் அரங்கில் முதல் கச்சேரி செய்தது. அந்த மேடை இருந்ததால்தான் 2007-இல் அதே இடத்தில் அதன் இளையோர் ஆர்க்கெஸ்ட்ரா முதல் கச்சேரி செய்ய முடிந்தது, பெரியவர்கள் பக்கத்தில் இருந்து பயிற்சி கொடுக்கவும் முடிந்தது.

நம் பாட்டன்மார் கதையும் ஒன்று இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி வயலின் கற்றது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். சென்னைப் பக்கம் மணலியில் இருந்தபோது அண்ணன் தம்பிகள் ஆங்கிலேயர் கோட்டைக்குப் போய் வெள்ளைக்காரர்களின் பேண்டு வாசிப்பைக் கேட்டார்கள் என்று சொல்வார்கள். தம்பி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் போட்டார், நோட்டுஸ்வரம் என்று இன்றைக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். அந்தக் கருவி இன்று நம் கச்சேரி மேடையில் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த பேண்டு யாரையும் தேடிப் போய்ச் சுருக்கமாக வாசித்துக் காட்டவில்லை. முழுதாக வாசித்தது, கேட்கத் தெரிந்த காதுகள் பிடித்துக்கொண்டன.

கடைசியாக டிக்கெட்டும் உடுப்பும். இதில் அக்கா சொன்னது நியாயம், நான் மழுப்பப் போவதில்லை. நீளக்கை பாத்தேக் சட்டை இல்லாதவர் கூச்சப்பட்டுக்கொண்டு வாசலில் நிற்கக் கூடாது. விலையைக் குறையுங்கள், ஞாயிறு பகலில் ஒரு காட்சி வையுங்கள், ஒத்திகையைத் திறந்துவிடுங்கள், அறிவிப்பைத் தமிழிலும் போடுங்கள். பாடாங் கோத்தா திடலில் கடல் காற்றில் இலவசமாக நடத்தினாலும் அது கச்சேரிதான், கூரை இருக்க வேண்டும் என்று நாங்கள் எங்கேயும் சொல்லவில்லை. முழுக் குழு, முழு ஒத்திகை, அறிவித்த தேதி, எதிரே ஊர். இந்த நாலும் வேண்டும், அவ்வளவுதான் எங்கள் வழக்கு.

நடுவர் ஐயா, கையில் இருப்பது ஒரே ஒரு தொகை என்று வையுங்கள். அதை வைத்து இருபது பள்ளிக்கு நாலு நாலு பேராக அனுப்பலாம், அல்லது அந்த இருபது பள்ளிப் பிள்ளைகளையும் பஸ் வைத்து டேவான் ஸ்ரீ பினாங்கு அரங்குக்கு அழைத்து வந்து, ஓபோ என்ற குழல் ஒரு சுரம் கொடுக்க எழுபது கருவியும் அதோடு சேருகிற அந்த நொடியிலிருந்து கடைசிக் கைதட்டல் வரை உட்கார வைக்கலாம். வீட்டுக்குப் போகும்போது அடுத்த கச்சேரியின் தேதி அச்சடித்த தாள் அவர்கள் கையில் இருக்கும். நான் பஸ்ஸுக்குத்தான் பணம் கொடுப்பேன். இல்லை, நாலு பேரை அனுப்புவதே மேல் என்று எதிரணி நினைத்தால், அடுத்து வரும் தம்பி அதற்கான காரணத்தைச் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.