பேண்டில் ஒரு புதுச் சத்தம்: யாருடையது என்று கண்டுபிடிப்பது எப்படி?

[திரை: இரவு. மொட்டை மாடி. ரிசீவரின் சத்தம் மட்டும்.]

வணக்கம். இது காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடி. இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய செம்புக் கம்பிதான் ஆன்டெனா. இப்போது நீங்கள் கேட்கும் சத்தம், 10.1 மெகாஹெர்ட்ஸை ஒட்டி, 30 மீட்டர் ஹாம் பேண்டின், அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர்களுக்கான அலைவரிசைத் தொகுதியின், கீழ் ஓரத்தில் வருகிறது. சில்வண்டு மாதிரி விடாமல் கத்துகிறது. பேச்சும் இல்லை, மோர்ஸும் இல்லை. யார் இது?

பலரும் காதை நம்பி, பதிவு செய்த மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் டயலை 300 ஹெர்ட்ஸ் நகர்த்தினாலே அதே சிக்னல் வேறு சுருதியில் கேட்கும். அதனால் பெயரைத் தேடாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். எவ்வளவு அகலம், எத்தனை தொனி, எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை மாறுகிறது. இந்த மூன்றும் டயல் எங்கே இருந்தாலும் மாறாது.

[திரை: வாட்டர்ஃபால், அதாவது சிக்னல்கள் கோடுகளாக ஓடும் அலைவரிசைப் படம். சம இடைவெளியில் மங்கலான கோடுகள்.]

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அது உண்மையிலேயே சிக்னல்தானா? இந்தக் கோடுகளைப் பாருங்கள். ஓரம் கலங்கலாக இருக்கிறது, சூடு ஏற ஏற மெல்ல நகர்கிறது. இதை ஏதோ டிஜிட்டல் மோட் என்று நினைத்து நான் ஒரு வாரம் துரத்தினேன். ஒரு நாள் தெருவில் கரண்ட் போனது, பேட்டரியில் ஓடிய ரிசீவரில் கோடுகள் அத்தனையும் மறைந்தன. மாடிப்படி எல்இடி விளக்குக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் சுற்றுதான் காரணம். வேலூர்ப் பக்கம் கரண்ட் போனால் எல்லோரும் விசிறியைத் தேடுவோம், நான் ரிசீவரிடம் ஓடுவேன். உங்களுக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம், மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தால் போதும்.

[திரை: 14.074 மெகாஹெர்ட்ஸ். கடிகாரம் பக்கத்தில்.]

சரி, அளந்து பழக எஃப்டி8 நல்ல இடம். ஹாம்கள் கணினி வழியே குறுஞ்செய்தி அனுப்பும் முறை அது. ஒத்துக்காரர்கள் பத்துப் பேர் ஆளுக்கொரு சுருதியில் ஊதுவது போல இருக்கும். கடிகாரத்தைக் கவனியுங்கள். 0, 15, 30, 45 வினாடிகளில் தொடங்குகிறது, ஏறக்குறைய 12.6 வினாடி ஓடி நிற்கிறது. ஒவ்வொரு கோடும் 50 ஹெர்ட்ஸ் அகலம். பெரிதாக்கினால் 8 தொனிகள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 6.25 ஹெர்ட்ஸ். இதே போல, ஆனால் 7.5 வினாடிக்கு ஒரு முறை தொடங்கினால் எஃப்டி4, அதன் வேகமான தம்பி. 6 ஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரே நூல் போல ஏறக்குறைய இரண்டு நிமிடம் நீண்டால் டபிள்யூஎஸ்பிஆர் என்னும் இன்னொரு முறை. ஆக, கடிகாரமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

எஃப்டி8-ஐ 2017-ல் உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜோ டெய்லர். 1974-ல் இன்னொரு விண்மீனோடு சேர்ந்து சுற்றும் பல்சரை, அதாவது துடிப்புத் துடிப்பாக ரேடியோ அலை வரும் விண்மீனை, கண்டுபிடித்து, அதற்காக 1993-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வானியலாளர். இரைச்சலுக்குள் புதைந்த சிக்னலைத் தோண்டி எடுப்பதுதான் அவருடைய தொழில். நம் ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி மங்கிய ஒளியைச் சேர்க்கிறது. அதுவும் இதுவும் ஒரே குடும்பத்து வேலை என்றுதான் எனக்குத் தோன்றும்.

[திரை: அகலமான பட்டை விட்டுவிட்டு வருகிறது.]

இப்படிப் பத்து கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அகலமாகத் தடதடவென்று வந்தால் ஹாம்களைச் சந்தேகிக்க வேண்டாம். பெரும்பாலும் தொடுவானத்துக்கு அப்பால் பார்க்கும் ரேடார்.

[திரை: மறுபடி 10.1 மெகாஹெர்ட்ஸ்.]

இனி நம் சில்வண்டுக்கு வருவோம். வாட்டர்ஃபாலில் இரண்டே கோடுகள், மாறி மாறி மின்னுகின்றன. அப்படியென்றால் ஆர்டிடிஒய், தொலைத்தட்டச்சு. முதலில் நானும் இது ஒரு ஹாமின் சிக்னல்தான் என்று முடிவு செய்து, ஹாம்களின் வழக்கமான அமைப்பையே, சத்தத்தை எழுத்தாக்கும் டிகோடரில் வைத்தேன். 170 ஹெர்ட்ஸ் இடைவெளி, 45.45 பாட், அதாவது வினாடிக்கு அத்தனை துண்டுகள். வந்ததெல்லாம் குப்பை எழுத்துகள்.

அப்புறம்தான் ஒழுங்காக அளந்தேன். இரண்டு கோடுகளுக்கும் இடையே 170 அல்ல, 450 ஹெர்ட்ஸ். பதிவை ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து பெரிதாக்கினேன். மிகச் சிறிய துண்டின் நீளம் 20 மில்லிவினாடி. வினாடிக்கு 50 துண்டுகள், ஆக 50 பாட். ஹாமாக இருந்திருந்தால் 22 மில்லிவினாடி வந்திருக்கும். அந்த இரண்டு மில்லிவினாடிதான் என் யூகத்தைத் தள்ளிவிட்டது. காதுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

[திரை: டிகோடர் சாளரம். 450, 50 என்று மாற்றுகிறோம்.]

பாருங்கள். ஆர்ஒய்ஆர்ஒய்ஆர்ஒய் என்று வரிசையாக ஓடுகிறது. ஐந்து துண்டுக் குறியீட்டில் இந்த இரண்டு எழுத்துகளிலும் ஒன்றும் சுழியும் மாறி மாறி வரும், அதனால் பழைய தொலைத்தட்டச்சுக் காலம் தொட்டு இயந்திரத்தைச் சரிபார்க்க இதைத்தான் அனுப்புவார்கள். அடுத்து அழைப்புக்குறி, டிடிகே9. அடுத்து அலைவரிசைப் பட்டியல்: 4583, 7646, 10100.8 கிலோஹெர்ட்ஸ். ஜெர்மனியின் வானிலைத் துறை, கப்பல்களுக்காக ஒலிபரப்புவது.

நான் குறிப்பேட்டில் எழுதியதைக் காட்டுகிறேன். தேதி, நேரம், அலைவரிசை, 450, 50. அன்று அக்னி நட்சத்திரம், இரவு பதினொன்றுக்கும் மாடித் தரை சுட்டது. திரையில் வட கடலில் எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் காற்று அடிக்கிறது என்று ஒவ்வொரு எழுத்தாக வந்துகொண்டிருந்தது. அந்த அறிக்கை முடியும்வரை நான் கீழே இறங்கவில்லை.