கன்னூபிக் குன்றின் துவர்ப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

அறுசுவையில் துவர்ப்பைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. வாழைப்பூ, பாக்கு, கடுக்காய் இவற்றைக் கடித்தால் நாக்கை ஏதோ ஒன்று இழுத்துப் பிடிக்குமே, அந்த இழுப்புதான் துவர்ப்பு. இத்தாலியின் பரோலோ ஒயினுக்குள் நுழைய அதுதான் வாசல். அதில் இனிப்பு கிடையாது. நிறமும் அடர்த்தியில்லை, கோப்பைக்குப் பின்னால் விரலை வைத்தால் விரல் தெரியும். பார்க்க வெளிறிக் கிடக்கிற இது, ஒரு வாய் குடித்ததும் ஈறு வரைக்கும் இழுக்கிறது. முதல்முறை குடிப்பவர்கள் திகைப்பது இங்கேதான்.

பரோலோ என்பது ஊர்ப்பெயர். வடமேற்கு இத்தாலியில் பியெமோந்தே மாநிலம். அங்கே ஆல்பா நகரத்துக்குத் தென்மேற்கே லாங்கே குன்றுகள். பரோலோவையும் சேர்த்துப் பதினோரு ஊர்களின் எல்லைக்குள், நெபியோலோ என்ற ஒரே ரகத் திராட்சையில் செய்தால்தான் புட்டியில் அந்தப் பெயரைப் போடலாம். வேறு ரகம் ஒரு சதவீதம்கூடச் சேரக் கூடாது. 1980 முதல் இதற்கு டி.ஓ.சி.ஜி. என்ற உச்சத் தரச்சான்று உண்டு. 2010-இல் இன்னும் ஒரு படி மேலே போய், எந்தச் சரிவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எல்லை வகுத்தார்கள். பதினோரு ஊர்ப்பெயர்களையும் சேர்த்து 181 பெயர்கள் பதிவாயின. அவற்றில் ஒன்று கன்னூபி.

பரோலோ ஊரை ஒட்டி வடகிழக்காக நீளும் தாழ்வான முதுகு போன்ற குன்று அது. உயரம் ஏறத்தாழ 300 மீட்டர்தான். நடந்தே ஏறிவிடலாம். ஆனால் ‘கன்னூபி 1752’ என்று எழுதிய பழைய புட்டி ஒன்று இன்றும் பாதுகாக்கப்படுகிறது. ஒயினுக்குப் பரோலோ என்ற பெயர் நிலைப்பதற்கு முன்பே குன்றின் பெயர் புட்டியில் ஏறிவிட்டது.

அப்படி என்ன இருக்கிறது அந்த மண்ணில்? லாங்கே முழுவதும் ஒரு காலத்தில் கடலடி. பதினோரு ஊர்களில் ஒன்றான லா மொர்ரா பக்கம் நீலச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களி; அங்கே விளைவது மணத்தில் முந்தும், துவர்ப்பில் சற்று மென்மை. இன்னொரு ஊரான செர்ரலூங்கா பக்கம் இன்னும் பழைய, இறுகிய மண்; அங்கே துவர்ப்பு பல்லைப் பிடிக்கும், முதிரப் பல ஆண்டுகள் கேட்கும். கன்னூபி முதல் வகையைச் சேர்ந்த மண்தான், ஆனால் அதில் மணல் கூடுதல். மணல் நீரைத் தேக்காது, விரைவில் சூடேறும். விளைவு, ரோஜா மணமும் காய்ந்த பழ மணமும் முன்னே வரும். துவர்ப்பு இருக்கும், ஆனால் அரைத்துச் சலித்த மாவு போல நைசாக இருக்கும்.

பெயருக்கு இவ்வளவு மதிப்பு வந்தால் வழக்கும் வரும். குன்றின் நடுப்பகுதிதான் அசல் கன்னூபி, போஸ்கிஸ், முஸ்கத்தேல், சான் லொரென்சோ, வல்லெத்தா என்ற பக்கத்துச் சரிவுகள் தனிப்பெயரைச் சேர்த்தே போட வேண்டும் என்று சிலர் வாதாடினார்கள். 2013-இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகப் போனது. குன்று முழுவதும் வெறும் கன்னூபி என்றே போட்டுக்கொள்ளலாம். ஆகவே புட்டியில் அந்தப் பெயரைப் பார்த்தவுடன் பரவசப்பட வேண்டாம், எந்தப் பக்கத்துத் தோட்டம் என்று விசாரியுங்கள்.

தனித்தோட்டத்து ஒயின் என்பதே பெரிய பழைமையான வழக்கம் இல்லை. பல சரிவுகளின் பழத்தைச் சேர்த்துச் செய்வதுதான் அங்கே பழைய முறை. பிருனோத்தோ, வியெத்தி ஆகிய இரண்டு நிறுவனங்கள் 1961 விளைச்சலில் தோட்டப்பெயர் போட்டுப் புட்டி அடைத்த பிறகே அது பரவியது. பார்த்தோலோ மஸ்கரெல்லோ என்ற முதியவர் கடைசிவரை அதற்கு உடன்படவில்லை. கன்னூபியிலேயே நிலம் வைத்திருந்தும், மற்ற மூன்று சரிவுகளின் பழத்தோடு சேர்த்தே நொதிக்கவிட்டார். ஒரு சரிவில் குறைவதை இன்னொன்று ஈடுகட்டும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் தவறே கிடையாது. தனித்தோட்டத்துக்கு அந்த ஈடு இல்லை. மழை கெடுத்த ஆண்டில் கெட்டதும் அப்படியே புட்டிக்குள் போகும். 2014-இல் மழை விடாமல் பெய்தபோது தோட்டப்பெயரை அந்த ஆண்டுக்கு விட்டுவிட்டு, எல்லாவற்றையும் சேர்த்துச் சாதாரணப் பரோலோவாக அடைத்தவர்கள் உண்டு. அவர்களை நம்பி வாங்கலாம்.

இனி கொடிக்கு வருவோம். நெபியோலோ ஏப்ரலில் முந்தித் துளிர்க்கும், அக்டோபரில் பிந்திப் பழுக்கும். அதனால் இளவேனில் உறைபனி, கோடை ஆலங்கட்டி மழை, இலையுதிர்கால ஈரம் என்று மூன்று அடியையும் அது வாங்க வேண்டும். எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகிறதோ அங்கே நெபியோலோ நடு என்பது ஊர்ப்பெரியவர்கள் கண்ட கணக்கு. இன்றைய சட்டமும் நேர் வடக்கு பார்த்த சரிவில் பரோலோ விளைவிக்கத் தடை சொல்கிறது.

கவாத்தில்தான் இந்த ரகத்தின் பிடிவாதம் தெரியும். நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் கவாத்து உண்டு, ஆனால் ஆண்டு முழுதும் அறுவடை நடக்கும் அந்தப் பூமியும் குளிரில் கொடி உறங்கும் இந்தப் பூமியும் ஒன்றல்ல. நெபியோலோ கிளையின் அடிப்பக்கத்து இரண்டு மூன்று மொட்டுகள் பெரும்பாலும் காய்க்காது. குட்டையாக வெட்டினால் தழைதான் மிஞ்சும். எனவே எட்டு முதல் பத்து மொட்டுள்ள நீளக் கிளை ஒன்றை விட்டு, அதை வளைத்துக் கம்பியில் படுக்கக் கட்டுவார்கள். அடுத்த ஆண்டுக் கிளைக்காகப் பக்கத்தில் இரண்டு மொட்டோடு ஒரு குச்சியை நிறுத்துவார்கள். காய்ந்த நாளில் வளைத்தால் கிளை படக்கென்று ஒடியும். ஈரப்பதம் உள்ள காலையாகப் பார்த்துக் கட்டுவது அதனால்தான். வரிசைகளைக் குன்றைச் சுற்றிக் குறுக்காக அமைக்கிறார்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் உழவு இயந்திரத்துக்கு வசதி, ஆனால் கன்னூபி போன்ற மணல் கலந்த மண்ணில் ஒரு பெருமழை வாய்க்கால் வெட்டிவிடும்.

விளைச்சலுக்கு உச்சவரம்பு ஹெக்டேருக்கு 8 டன். கொடியை அதன் போக்கில் விட்டால் கூடவே காய்க்கும். ஆகஸ்ட் வாக்கில் பச்சைக் குலைகளை வெட்டித் தரையில் போடுவார்கள். குலையை மூடும் இலையைக் கிள்ளுவதிலும் கவனம் வேண்டும். காலை வெயில் படும் பக்கம் மட்டும் கிள்ள வேண்டும். மேற்குப் பக்கம் கிள்ளினால் 2017 போன்ற வெக்கை ஆண்டில் பழம் வெந்து போகும்.

பறித்த பழத்தைக் காம்பு நீக்கி, தோலும் விதையும் சாறும் ஒன்றாகத் தொட்டியில் விடுகிறார்கள். நொதிக்கும் வெப்பம் 28 முதல் 30 டிகிரி. எழும்பும் வாயு தோல்களை மேலே தள்ளி, அடையாக மிதக்கவிடும். அந்த அடை காய்ந்தால் புளிக்காடிக் கிருமி குடியேறும் என்பதால், தினமும் அடியிலிருந்து சாற்றை எடுத்து மேலே ஊற்றி நனைப்பார்கள். நொதித்தல் அடங்கியதும் பழைய முறைக்காரர்கள் மரச்சட்டங்களைக் குறுக்கே பூட்டி, அடை முழுவதையும் ஒயினுக்குள் அமுக்கி, முப்பது நாற்பது நாள் ஊறவிடுவார்கள். இதில் ஒரு நிபந்தனை உண்டு. விதை பழுத்திருக்க வேண்டும். அறுவடைக்கு முன் விதையைக் கடித்துப் பார்ப்பார்கள். பழுப்பாக, மொறுமொறுவென்று உடைந்தால் சரி. பச்சையாக இருந்தால், சாராயச் சத்து ஏறிய சாற்றில் அதன் கசப்பு முழுவதும் இறங்கிவிடும். பிறகு எந்தப் பீப்பாயாலும் அதை எடுக்க முடியாது.

பீப்பாய்தான் இந்த ஒயினின் பெரிய சண்டைக்களம். சட்டப்படி அறுவடை ஆண்டின் நவம்பர் 1 முதல் 38 மாதம் முதிர வேண்டும். அதில் 18 மாதமாவது மரத்தில் இருக்க வேண்டும். அதாவது 2016 விளைச்சல் 2020 ஜனவரிக்கு முன்பு கடைக்கு வந்திருக்க முடியாது. ரிசெர்வா என்று போட்டால் 62 மாதம். எவ்வளவு பெரிய மரப்பீப்பாய் என்று சட்டம் சொல்லவில்லை. வித்தியாசம் முழுவதும் அதில் இருக்கிறது.

போத்தி என்பவை குரோவாசியாவின் ஸ்லவோனியா காட்டு ஓக்கில் செய்த பெரும் பீப்பாய்கள். 2,000 லிட்டர், 5,000 லிட்டர், அதற்கு மேலும் உண்டு. பலகை கனமானது, ஒரு பீப்பாய் பல பத்தாண்டுகள் உழைக்கும். பரீக் என்பது பிரெஞ்சு வழக்கத்துச் சிறு பீப்பாய், 225 லிட்டர். 5,000 லிட்டர் பீப்பாயோடு ஒப்பிட்டால், பரீக்கில் ஒவ்வொரு லிட்டருக்கும் ஏறத்தாழ மூன்று மடங்கு மரப்பரப்பு படுகிறது. போதாக்குறைக்கு உட்பக்கம் தீயில் வாட்டியிருப்பார்கள். புதுப் பரீக்கில் வெனிலா, தேங்காய், புகை மணம் ஏறும். குடிக்க இதமாக இருக்கும், ஆனால் கன்னூபிக்கும் பக்கத்துக் குன்றுக்கும் வேறுபாடு மறைந்துவிடும். தோட்டத்துக்கு ஒரு விலை கொடுத்துவிட்டு மரத்தைக் குடிப்பானேன்?

1983-இல் எலியோ அல்தாரே என்ற இளைஞர் ரம்பத்தை எடுத்துத் தன் தந்தையின் பழைய பீப்பாய்களை அறுத்துத் தள்ளி, பரீக்குக்கு மாறினார். அவரைத் தொடர்ந்து ஒரு தலைமுறையே மாறியது. மறுபக்கம் மஸ்கரெல்லோ, ‘பரீக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்’ என்று, இத்தாலிய அரசியல் தலைவரின் பெயரையும் சேர்த்து, தன் புட்டியின் லேபிளிலேயே எழுதி ஒட்டினார். என் சார்பு பெரும் பீப்பாய்ப் பக்கம்தான். ஆனாலும் அந்த இளைஞர்கள் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. பழைய பீப்பாய்கள் பலவும் அழுக்கேறிக் கிடந்தன.

பீப்பாய் கெடும் வழிகள் இவை. மரம் வழியே ஒயின் ஆவியாகும். மேலே வெற்றிடம் விழும். வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒருமுறை அதே ஒயினை ஊற்றி வாய்வரை நிரப்பாவிட்டால் புளிக்காடியாகும். நொதித்தலுக்குப் பின், கூர்மையான மாலிக் அமிலம் மென்மையான லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாம் மாற்றம் குளிரில் நின்றுபோனால், அது முடியும்வரை கிருமியைத் தடுக்கும் கந்தகத்தைச் சேர்க்க முடியாது. அந்த இடைவெளியில் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் புகுந்தால் குதிரை லாய வாடை வரும், போகாது. அதனால் பாதாள அறையை 20 டிகிரிக்குச் சூடாக்கி அந்த மாற்றத்தை முதலில் முடித்துக்கொள்கிறார்கள். அடியில் தங்கும் வண்டலில் அழுகிய முட்டை வாடை வந்தால் தெளிவை வேறு பீப்பாய்க்கு இறக்குவார்கள். கொஞ்சம் காற்றுப் பட்டதும் வாடை அடங்கும். காலிப் பீப்பாயை அப்படியே விட்டால் பூஞ்சை பிடிக்கும், பலகை சுருங்கி ஒழுகும். உள்ளே கந்தகத்திரி கொளுத்தி வைப்பதும், மீண்டும் நிரப்பும் முன் தண்ணீர் ஊற்றிப் பலகையை ஊதவைப்பதும் அதற்காகத்தான்.

எல்லாம் சரியாக நடந்தால், மரத்தின் வழியே கசியும் துளிக் காற்றில் துவர்ப்புப் பொருளும் நிறப் பொருளும் கைகோத்து இறுக்கம் தளர்கின்றன. நெபியோலோவின் நிறம் இயல்பிலேயே நிலையற்றது. பத்தாண்டில் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். அது கெட்டதன் அடையாளம் இல்லை.

யாராவது வெளிநாட்டிலிருந்து ஒரு புட்டி கொண்டுவந்தால், சமையலறை அலமாரியில் வைக்காதீர்கள். 32 டிகிரி வெப்பத்தில் சில வாரத்திலேயே வெந்த பழ வாடை வந்துவிடும். திறக்கும் முன்நாள் புட்டியை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும். பரிமாறும் வெப்பம் 16 முதல் 18 டிகிரி. இளம் ஒயினை இரண்டு மணி நேரம் முன்பே வாயகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வைக்கலாம். காரக் குழம்போடு வேண்டாம். மிளகாயின் எரிச்சலைச் சாராயச் சத்து ஏற்றிவிடும், துவர்ப்பும் முரடாகும். கொழுப்புள்ள ஆட்டுக்கறியை மிளகாய் குறைத்து, மிளகு போட்டு மெதுவாக வேகவைத்தால் பொருந்தும். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், நாக்கு தப்பும். ஊற்றும்போது புட்டியின் கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்து நிதானமாகச் சாயுங்கள். கருப்பு இழை ஒன்று தோளிலிருந்து கழுத்தை நோக்கி நகரத் தொடங்கும். அந்த நொடியில் கையை நிமிர்த்துங்கள்.

வணக்கம்.