சித்திரமும் கைப்பழக்கம்: வில்லியம் பிளேக்கின் புத்தகங்கள்

பெருமதிப்பிற்குரிய வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, இந்தக் கூடத்தைத் தந்து, மாலை ஆறு மணிக்குப் பூட்ட வேண்டிய கதவை எட்டரை வரை திறந்துவைக்க ஒப்புக்கொண்ட நூலகர் அம்மையார் அவர்களே, எனக்கு முன் பேசி அவையைத் தம் வசப்படுத்தியிருக்கும் தமிழாசிரியர் ஐயா அவர்களே, நாற்பது ஆண்டுகள் இந்த ஊர்ப் பிள்ளைகளின் கையைப் பிடித்து வட்டமும் கோடும் போடக் கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்று, இன்று என் வேண்டுகோளுக்கு இணங்கி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓவிய ஆசிரியர் ஐயா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களே, மாணவச் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று உங்களுக்குத் தெரியும். ‘சித்திரமும் கைப்பழக்கம் செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று அது தொடங்குகிறது. நான் எந்த மேடை ஏறினாலும் இந்த அடியைச் சொல்லாமல் இறங்குவதில்லை. சித்திரத்தையும் செய்யுளையும் ஒரே அடியில் அக்கம்பக்கமாக உட்காரவைத்த அந்தப் பாட்டி, கடல்களுக்கு அப்பால் ஒரு மனிதனின் வாழ்க்கையைத் தன்னையறியாமல் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்பது என் எண்ணம். அந்த மனிதன் லண்டன் மாநகரத்துக் கவிஞனும் செப்புத்தகட்டுச் செதுக்குநனுமான வில்லியம் பிளேக். அவனைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, தன் கவிதை நூல்களை அவன் தன் கையாலேயே எப்படி உண்டாக்கினான் என்பது. இரண்டாவது, வயிற்றுப்பாட்டுக்காகப் பிறர் நூல்களுக்கு அவன் செய்துகொடுத்த படங்கள். மூன்றாவது, அவனுக்குப் பின் வந்த கவிஞர்களும் ஓவியர்களும் அவனிடமிருந்து பெற்றுக்கொண்டவை.

பிளேக் பிறந்தது 1757 நவம்பர் 28 அன்று, லண்டனில் சோஹோ பகுதியின் பிராட் தெருவில். தந்தை காலுறை வியாபாரி. சிறுவன் பொதுப் பள்ளிக்கூடம் எதற்கும் போனதில்லை. எழுத்தும் வாசிப்பும் தாயிடம் கற்றான். ஆனால் பத்து வயதில் அவனை ஓவியப் பள்ளியில் சேர்த்தார்கள். இதைக் கொஞ்சம் நிதானித்துக் கேட்க வேண்டும். கடையில் காலுறை விற்று வாழ்ந்த ஒரு தந்தை, மகன் படம் வரைகிறான் என்று தெரிந்ததும் அவன் பென்சிலைப் பிடுங்கவில்லை. ஓவியப் பள்ளிக்குப் பணம் கட்டினார், பார்த்து வரைவதற்குச் சிலைகளின் சுண்ண வார்ப்புகள் வாங்கித் தந்தார், ஏலத்தில் பழைய அச்சுப்படங்கள் வாங்கக் கைச்செலவுக்குக் காசும் கொடுத்தார். ஏலக்காரர் அந்தச் சிறுவனின் ரசனையைக் கண்டு மகிழ்ந்து, மலிந்த விலையில் படங்களை அவன் பக்கம் தள்ளிவிடுவாராம்.

பதினான்கு வயதில், 1772-இல், ஜேம்ஸ் பசையர் என்ற செதுக்குநரிடம் ஏழு ஆண்டுகள் தொழில் பழகச் சேர்ந்தான். குரு அவனை வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயக் கோயிலுக்கு அனுப்பினார். அங்கே அரசர்களும் அரசியரும் துயிலும் கல்லறைச் சிற்பங்களை நாள்தோறும் பார்த்துப் பார்த்து வரைந்தான். பின்னாளில் அவன் ஏடுகளில் நீண்ட தாடியும் நெடிய உடையுமாக வரும் உருவங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கல்லறை மண்டபத்தின் குளிர் நினைவுக்கு வருகிறது.

1782-இல் கேத்தரின் பௌச்சரை மணந்தான். தேவாலயப் பதிவேட்டில் அந்த அம்மையார் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி இட்டிருக்கிறார். அவருக்கு எழுத்தையும் வாசிப்பையும், அச்சுப்பொறி சுழற்றவும் வண்ணம் தீட்டவும் பிளேக்கே கற்றுக்கொடுத்தான். அந்தப் புத்தகங்கள் அந்த இருவர் கைகளின் உழைப்பு.

1787-இல் பிளேக்கின் அன்புத் தம்பி ராபர்ட் இளவயதிலேயே இறந்துபோனான். கடைசி நாட்களில் உறக்கமின்றி அருகிலேயே இருந்த அண்ணன், தம்பியின் ஆவி மகிழ்ச்சியில் கைதட்டிக்கொண்டு கூரை வழியே மேலேறுவதைக் கண்டதாகச் சொன்னான். பின்னர் அந்தத் தம்பியே காட்சியில் தோன்றி, கவிதையையும் படத்தையும் ஒரே தகட்டில் அச்சிடும் வழியைச் சொல்லிக்கொடுத்தான் என்றும் சொன்னான். இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். வழி என்னவோ உண்மையானது; அதைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம்.

செப்புத்தகடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பிளேக்கின் ‘களங்கமின்மைப் பாடல்கள்’ என்ற கவிதை நூலின் தகடுகள் ஏறக்குறைய பதினொரு சென்டிமீட்டர் உயரமும் ஏழு சென்டிமீட்டர் அகலமும் உள்ளவை. விரித்த கையில் அடங்கிவிடும். அதுவரை செதுக்குநர்கள் தகட்டில் கோட்டைக் குழியாக வெட்டி, குழிக்குள் மசியை நிரப்பி அச்சிட்டார்கள். பிளேக் தலைகீழாக நினைத்தான். அமிலத்துக்கு அசையாத வார்னிஷைத் தூரிகையில் தோய்த்து, கவிதையையும் அதைச் சுற்றிய கொடியையும் பறவையையும் குழந்தையையும் தகட்டின் மேலேயே எழுதினான். காகிதத்தில் நேராக விழ வேண்டுமே! ஆகவே ஒவ்வொரு எழுத்தையும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி எழுதினான். பிறகு தகட்டின் ஓரங்களில் மெழுகால் வரம்பு கட்டி அமிலத்தை ஊற்றினால், வார்னிஷ் படாத செம்பை அமிலம் அரித்துத் தாழ்த்தும். எழுத்தும் படமும் மேடாக எஞ்சும். அந்த மேட்டில் மசி ஒற்றி, உருளை அச்சுப்பொறியில் மெல்ல அழுத்தி எடுத்து, ஒவ்வொரு பிரதிக்கும் கணவனும் மனைவியும் நீர்வண்ணம் தீட்டினார்கள். அதனால்தான் ஒரு பிரதியைப் போல் இன்னொரு பிரதி இருப்பதில்லை. செம்பு விலையுள்ள பொருள் அல்லவா? 1789-இல் வெளிவந்த ‘களங்கமின்மைப் பாடல்கள்’ தகடுகளின் பின்புறத்தையே திருப்பி, 1794-இல் ‘அனுபவப் பாடல்கள்’ பலவற்றை ஆக்கினான். இரண்டும் சேர்ந்த நூலில் 54 தகடுகள். அந்தத் தகடுகள் இன்று நமக்குக் கிடைக்கவில்லை. அவன் உண்டாக்கிய அத்தனை கவிதைத் தகடுகளிலும், ‘அமெரிக்கா’ என்ற நூலுக்காகச் செய்து கைவிட்ட ஒரு தகட்டின் சிறு துண்டு மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

சித்திரமும் கைப்பழக்கம். இடவலம் மாற்றி நூற்றுக்கணக்கான வரிகளை எழுதும் கைக்கு எத்தனை ஆண்டுப் பழக்கம் வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் கல்லூரிகளில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் பிளேக்கின் புலிக் கவிதையை மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த ஏட்டின் அடியில் ஒரு மரத்தின் கீழ் நிற்கும் புலியை அவர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்? கவிதையில் நெருப்பாய் எரியும் புலி, படத்தில் சாதுவாக, சில பிரதிகளில் பொம்மையைப் போலவே நிற்கிறது. ஏன் அப்படி வரைந்தான் என்ற கேள்வியே, படத்தை வெட்டிவிட்டு வரிகளை மட்டும் அச்சிட்ட பாடநூலில் எழ வழியில்லை. புகைபோக்கி துடைக்கும் சிறுவனைப் பற்றிய பாடல்களும் அப்படித்தான். தெருவில் ‘ஸ்வீப்’ என்று கூவி வேலை கேட்க வேண்டிய குழந்தைக்கு நாக்கு இன்னும் திருந்தவில்லை. அதன் வாயில் அது ‘வீப்’ என்று, அழு என்னும் பொருளுள்ள சொல்லாக வந்து விழுகிறது. முதல் நூலின் ஏட்டில், பாட்டின் காலடியில், சவப்பெட்டியிலிருந்து ஒரு தேவதை குழந்தைகளை வெளியே விடுவிக்கிறாள். இரண்டாம் நூலின் ஏட்டிலோ, பனி பெய்யும் தெருவில் கரிமூட்டையைச் சுமந்து ஒரு சிறுவன் தனியாக நடக்கிறான், அண்ணாந்து பார்த்தபடி. நாப்பழக்கம் ஒன்றைச் சொல்ல, கைப்பழக்கம் அதற்குமேல் இன்னொன்றைச் சொல்கிறது. கையை வெட்டிவிட்டு நாவை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுப்பது பிளேக்குக்குச் செய்யும் அநீதி, பிள்ளைகளுக்கும் செய்யும் அநீதி.

நான் படித்த பள்ளியில் ஓவிய வகுப்பு வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு இருந்தது. தேர்வு நெருங்கினால் கணக்கு வாத்தியார் வந்து அந்த மணியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். தேர்வு முடிந்த பிறகும் அது திரும்பி வந்ததில்லை. டிராயிங் மாஸ்டர் சுண்ணக்கட்டிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போன காட்சி என் மனத்தைவிட்டு இன்றும் போகவில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து என் பேத்தியின் கால அட்டவணையைப் பார்த்தேன். ஓவியம் என்று எழுதியிருக்கிறது. வரைபடத்தாள் நோட்டு புத்தம்புதிதாக, ஒரு கோடும் விழாமல் இருக்கிறது.

இரண்டாவது செய்திக்கு வருகிறேன். பிளேக்கின் சொந்தப் புத்தகங்கள் சோறு போடவில்லை. 1793-இல் அவன் வெளியிட்ட விலைப்பட்டியலில் ‘களங்கமின்மைப் பாடல்கள்’ ஐந்து ஷில்லிங். வாங்கியவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ஆகவே பிறர் நூல்களுக்குப் படம் செய்தான். எட்வர்ட் யங் எழுதிய ‘இரவுச் சிந்தனைகள்’ நூலுக்கு 537 நீர்வண்ணப் படங்கள் வரைந்தான். நூறு கினி கேட்டான்; கினி என்பது 21 ஷில்லிங் மதிப்புள்ள பழைய ஆங்கில நாணயம். பதிப்பாளர் கொடுத்தது இருபது கினி. படத்துக்கு ஒரு ஷில்லிங்கூடத் தேறவில்லை. 537-இல் 43 மட்டுமே செதுக்கப்பட்டு 1797-இல் வந்தன. ராபர்ட் பிளேரின் ‘கல்லறை’ என்ற நூலுக்குப் படங்களை இவனிடம் வரைந்து வாங்கிக்கொண்ட பதிப்பாளர் குரோமெக், வருமானம் தரும் செதுக்கு வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். வெட்ஜ்வுட் பீங்கான் நிறுவனத்தின் விலைப்பட்டியலுக்காகச் சூப்புக் கிண்ணங்களையும் தட்டுகளையும்கூட அந்தக் கை செதுக்கியது.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்லியாக வேண்டும். 1800-இல் வில்லியம் ஹேலி என்ற கவிஞர் ஆதரவு தருவதாக அழைக்க, பிளேக் தம்பதியர் சசெக்ஸ் கடற்கரையில் ஃபெல்பம் என்ற சிற்றூரில் ஒரு குடிசைக்குப் போனார்கள். மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1803 ஆகஸ்டில் ஒருநாள் பிளேக் தன் தோட்டத்துக்குள் பார்க்கிறான். ஒரு படைவீரன் நிற்கிறான். தோட்டக்காரன் உதவிக்கு அழைத்து வந்தவன் அவன் என்பது பிளேக்குக்குத் தெரியாது. ‘தயவுசெய்து வெளியே போங்கள்’ என்று மரியாதையாகச் சொல்கிறான். வீரன் போகவில்லை, வாய்க்கு வந்தபடி ஏசுகிறான். பிளேக் ஆள் குள்ளம். ஆனால் முப்பது ஆண்டுகள் உளியும் அச்சுப்பொறியும் பிடித்த கை! வீரனின் இரண்டு முழங்கைகளையும் பின்னாலிருந்து இறுகப் பிடித்தான். தோட்டத்துக்கு வெளியே தள்ளினான். அங்கே அவன் திரும்பி முறைக்கவே, மறுபடியும் பிடித்தான். சாலையோடு ஐம்பது கஜம், அவன் தங்கியிருந்த ‘ஃபாக்ஸ்’ விடுதி வாசல் வரைக்கும், ஊர் பார்க்கத் தள்ளிக்கொண்டே போய்ச் சேர்த்தான். அவமானப்பட்ட வீரன் சும்மா இருப்பானா? தோழன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு, ‘அரசன் நாசமாய்ப் போக என்று இவன் சொன்னான்’ என்று சத்தியம் செய்து புகார் கொடுத்தான். நெப்போலியன் எந்த நாளும் கடல் தாண்டி வரலாம் என்று இங்கிலாந்து நடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. அரச நிந்தனை விளையாட்டுக் குற்றம் அல்ல. 1804 ஜனவரியில் சிசெஸ்டர் நகரில் விசாரணை. ஹேலி குதிரையிலிருந்து விழுந்து அடிபட்டிருந்தும் சாட்சி சொல்ல வந்து நின்றார். அப்படி ஒரு சொல்லைத் தாங்கள் கேட்கவில்லை என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். பிளேக் விடுதலையானபோது நீதிமன்றமே ஆரவாரம் செய்ததாம்.

கதை அதோடு நிற்கவில்லை. பிளேக் ‘எருசலேம்’ என்ற பெருநூலைத் தகடுகளில் எழுதத் தொடங்கினான்; நூறு தகடுகள். அதற்குள் ஸ்கோஃபீல்ட் என்ற அந்த வீரனின் பெயரை எழுத்தைச் சற்றே மாற்றி, கொடியவர்களின் வரிசையில் வைத்தான். உடன் பொய் சொன்ன தோழனும், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நீதிபதிகளுங்கூட அதில் வருகிறார்கள். ஒரு தகட்டில் அந்த வீரன் சங்கிலியோடு நடக்கிறான். அந்த நூலுக்குப் பிளேக் முழுமையாக வண்ணம் தீட்டிய ஒரே பிரதி இன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

1809-இல் அண்ணனின் காலுறைக் கடை மாடியில் பிளேக் தன் ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தான். வந்தவர்கள் சிலர், ஒரு பத்திரிகை அவனைப் பைத்தியக்காரன் என்று எழுதியது. அந்தக் கண்காட்சியில் ‘பிராமணர்கள்’ என்றொரு வரைபடம் இருந்தது. 1785-இல் பகவத் கீதையை ஆங்கிலத்தில் வெளியிட்ட சார்லஸ் வில்கின்ஸ், பண்டிதர்களோடு அமர்ந்து மொழிபெயர்ப்பதை அவன் கற்பனையில் கண்டு தீட்டியது. அந்தப் படம் காணாமற்போய்விட்டது. நம் நாட்டை நினைத்து அந்தக் கை வரைந்த ஏடு எங்கே கிடக்கிறதோ என்று நான் அடிக்கடி ஏங்குவதுண்டு.

1821-இல் பள்ளிச் சிறுவர்களுக்காகப் பழைய ரோமானியக் கவிஞர் வெர்ஜிலைப் பற்றி வந்த பாடநூல் ஒன்றுக்கு அவன் மரத்தில் பதினேழு சிறு படங்கள் செதுக்கினான். பதிப்பாளர்களுக்கு அவை பிடிக்கவில்லை. மற்ற ஓவியர்கள் எடுத்துச் சொன்ன பிறகே அரைமனதோடு சேர்த்தார்கள். பக்கத்துக்குள் அடங்கவில்லை என்று மரக்கட்டைகளின் ஓரத்தையே வெட்டினார்கள். நிலா ஒளியில் வளைந்து கிடக்கும் பயிர்க்கதிர்களையும் தனியே நடக்கும் வழிப்போக்கனையும் காட்டும் அந்தப் படங்களை சாமுவேல் பாமர் போன்ற இளம் ஓவியர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். பாருங்கள், அது ஒரு பள்ளிப் பாடநூல்!

கடைசிக் காலத்தில் ஜான் லின்னெல் என்ற இளைய ஓவியர் கைகொடுத்ததால் விவிலியத்தின் யோபு நூலுக்கு 21 தகடுகளும், இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்துக்கு 102 நீர்வண்ணப் படங்களும் உருவாயின. தாந்தே படங்களில் ஏழு படங்களை மட்டுமே செம்பில் தொடங்க முடிந்தது. 1827 ஆகஸ்ட் 12 அன்று பிளேக் காலமானான். படுக்கையிலும் வேலை செய்துகொண்டிருந்தவன், அழுதுகொண்டிருந்த கேத்தரினைப் பார்த்து அப்படியே இரு என்று சொல்லி அவள் முகத்தை வரைந்தான் என்பார்கள்.

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அதை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம். அதைவிட அவசரமான காரியம் ஒன்று வாசல் மேசையில் இருக்கிறது. நம் வட்டத்துப் பள்ளிகளில் வாரத்துக்கு இரண்டு ஓவிய வகுப்புகள் உண்மையாகவே நடக்க வேண்டும், காலியாக உள்ள ஓவிய ஆசிரியர் இடங்களை நிரப்ப வேண்டும், அந்த மணியை வேறு பாடத்துக்கு எடுக்கக்கூடாது என்று கல்வி அலுவலருக்கு எழுதிய விண்ணப்பம் அது. முதல் கையெழுத்தை முன்வரிசையிலிருக்கும் ஓவிய ஆசிரியர் ஐயா இட்டிருக்கிறார். பிளேக்கின் ஏடுகளைப் பெரிதாக்கி அச்சிட்ட இருபது தாள்கள் நூலகத்தின் பின்சுவரில் ஒட்டியிருக்கின்றன. பனியில் நடக்கும் சிறுவன் இடமிருந்து மூன்றாவது. பிள்ளைகளை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். சுவரின் கீழே வெள்ளைத்தாளும் பென்சிலும் வைத்திருக்கிறோம், வரைய விரும்புகிறவர்கள் வரையலாம். கதவு எட்டரை வரை திறந்திருக்கும்.